ஐஸ் அக்காவின் ஒரு மணி நேரம்

குளியலறைக் கதவைச் சாத்துவதற்கு முன், ஐஸ் அக்கா தலையை மட்டும் வெளியே நீட்டிப் புருஷனுக்கும் மகளுக்கும் சட்டம் படித்தாள். மணி அப்போது நாலு.

"ஒரு மணி நேரம். அஞ்சு மணி வரைக்கும் நான் இந்த வீட்ல இல்லவே இல்ல. சீப்பக் காணோம், சாவியக் காணோம், பால் பொங்குதுன்னு எவராவது வந்து கதவத் தட்டினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"வீடு தீப்பிடிச்சா?" என்றாள் மகள். காலேஜில் படிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"நான்தான் தண்ணிக்குள்ள இருக்கேனே, எனக்கென்னடி? நீங்க ரெண்டு பேரும் ஓடிப் பொழச்சுக்குங்க."

"தட்ட மாட்டேம்மா, சத்தியமா" என்றார் புருஷன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இருபத்தாறு வருடமாகக் குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறவள் அவள். மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் கல்லாய் உறைந்து கிடக்கிற இடம். உள்ளே வருகிற பெட்டி, வெளியே போகிற பெட்டி, எல்லாம் அவள் கண்ணில் பட்டுத்தான் போக வேண்டும். இரண்டு சாக்ஸ், மூன்று சட்டை, அதற்கு மேல் ஆளையே விழுங்குகிற கோட்டு. எத்தனை போட்டால் என்ன, நாலு மணி நேரத்தில் குளிர் எலும்பு வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். இடது கால் சுண்டுவிரல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாமல் போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்து சுடச்சுடக் குளிக்கலாம் என்றால் ஒரு வாளி வெந்நீர், பத்து மக், பத்து நிமிடம். அதற்குள் கதவைத் தட்டிவிடுவார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து, கதவு தட்டப்படாமல் அவள் ஒரு தடவை குளித்ததாகச் சரித்திரம் இல்லை. மகள் தட்டுவாள், பக்கத்து வீட்டுக்காரி தட்டுவாள். ஆனாலும் தட்டுவதில் முதல் பரிசு புருஷனுக்குத்தான். "ஏம்மா, என் ஸ்பேனர் எங்க?" என்று உயிர் போகிற மாதிரி கத்துவார். ஸ்பேனர் அவர் இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அவர் குழாய் வேலைக்காரர். ஒருசொட்டு என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். எந்த வீட்டில் வேலை முடித்தாலும், "ஒரு சொட்டு ஒழுகினா என்னைக் கூப்பிட்டுச் செருப்பால அடிங்க" என்று சவால் விட்டுவிட்டுத்தான் பையைத் தூக்குவார். இதுவரை ஒழுகியதும் இல்லை, அடி வாங்கியதும் இல்லை. அதனால் தலைக்கனம் உண்டு. தன் மேல் தப்பு என்று அந்த மனுஷன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவர் போட்ட தேநீரில் சர்க்கரை கூடிப்போனால் குற்றம் சர்க்கரையின் மேல்தான்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் குளியல் தொட்டி மாட்டிய கை, சொந்த வீட்டுக்கு மட்டும் எட்டு வருடமாக "அடுத்த மாசம்" சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரு பெரிய வீட்டில் நிறம் பிடிக்கவில்லை என்று கழற்றிக் கொடுத்த தொட்டி ஒன்று, பழைய பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு பின்பக்கம் மூன்று வருடம் கிடந்தது. போன வாரம் அதைக் காட்டி அவள் சொன்னாள்: "நான் செத்தப்புறம் அதுலயே வச்சுப் புதைச்சிடுங்க. அப்பவாவது ஒரு தடவ படுத்துக்கறேன்." அவருக்குச் சுருக்கென்றது. நேற்று அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும் ஆரம்பித்து, அவள் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புவதற்குள் மாடியில் மாட்டி முடித்துவிட்டார்.

அவள் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி நிரப்பித்தானே ஓரம் அடச்சீங்க?"

இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. காலித் தொட்டி எம்பி நிற்கும். தண்ணீர் நிரம்பினால் பாரம் தாங்காமல் ஒரு இழை கீழே இறங்கும். அதனால் முதலில் தொட்டியை நிரப்பிவிட்டு, அது இறங்கி உட்கார்ந்த பிறகுதான் சுவரோரம் சிலிக்கான் பசையைப் பூச வேண்டும். காலியாக இருக்கும்போதே பூசினால், ஆள் இறங்கிப் படுத்ததும் பூச்சு பிய்த்துக்கொள்ளும். குழாய்க்காரனோடு இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"எனக்கே பாடமா?" என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவளும் பேச்சை விட்டுவிட்டாள்.

இப்போது அந்தத் தொட்டியில் கழுத்தளவு வெந்நீர் ஆவி பறக்க நின்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வலது காலை உள்ளே விட்டாள். "அம்மாடி!" என்று வெளியே எடுத்தாள். மறுபடி விட்டாள். சுட்டது, ஆனால் வேண்டும் வேண்டும் என்கிற சூடு. மெல்ல மெல்ல உட்கார்ந்தாள். இடுப்பு முங்கியது, முதுகு முங்கியது. தோள்பட்டை முங்கியபோது வாயிலிருந்து தானாகவே ஒரு சத்தம் வந்தது. இப்படி ஒரு சத்தம் தனக்குள் இருந்ததே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

கொஞ்ச நேரத்துக்குக் கால்விரல்களில் எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக உயிர் வந்தது. கடைசியில் அந்தச் சுண்டுவிரல்! அசைத்துப் பார்த்தாள், அசைந்தது. "அட சனியனே, நீ இருக்கியா?" என்று அதனிடமே கேட்டுச் சிரித்தாள். காது முங்கத் தலையைச் சாய்த்தபோது உலகம் தொலைதூரத்துக்குப் போய்விட்டது. அவள் நெஞ்சு தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வயிறு தண்ணீருக்கு மேல் ஒரு மேடாகத் தெரிந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? முட்டிக்குள் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்த குளிர், வாடகை வீட்டைக் காலி செய்கிறவன் மாதிரி சாமான் சாமானாக வெளியேறியது. ஒரு வேலையும் இல்லை. எண்ண வேண்டிய பெட்டி இல்லை, பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. இதற்கு மேல் சுகம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தாள்.

பழக்க தோஷம், மக்கையும் கூடவே எடுத்து வந்திருந்தாள். தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். ஊற்றியது முதுகிலும் பின்சுவரிலும் வழிந்து ஓடியது.

நாலு முப்பத்தைந்துக்குக் கீழே பேச்சுக்குரல் கேட்டது. தொட்டிக் குழாய் தரைக்குள் இறங்குகிற ஓட்டையை அவர் இன்னும் பூசவில்லை. நேர் கீழே இருக்கிற முன்னறையில் தும்மினால்கூட அவளுக்குத் தொட்டிக்கு அடியில் தும்முவதுபோல் கேட்கும்.

"நாளைக்குத்தான் வரதா இருந்தேன். இந்தப் பக்கம் வேலை இருந்துச்சு, அதான் நுழைஞ்சேன்."

காண்ட்ராக்டர். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்திரண்டு வீடு கட்டுகிறான், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டி. அந்த வேலைக்காக அவர் இரண்டு வருடமாக நடையாய் நடந்திருக்கிறார். கிடைத்தால், ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றித் திரிகிற பிழைப்பு முடிந்தது, நாலு ஆளை வைத்து வேலை வாங்கலாம். அவர் ராத்திரி தூக்கத்தில்கூட நாற்பத்திரண்டு என்று உளறுகிறார்.

"உக்காருங்க சார், உக்காருங்க" என்று அவர் பதறுவது கேட்டது. மேசை மேல் காகிதம் விரிகிற சத்தம். அக்கா இன்னொரு மக் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள்.

"என்னங்க இது, வரைபடத்து மேல தண்ணி சொட்டுது?" என்றார் காண்ட்ராக்டர்.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே வெள்ளைப் பூச்சு ஒரு முழ நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. நிரப்பாமல் பூசியிருக்கிறார்! ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. இன்றைக்குத்தானா சறுக்க வேண்டும், அதுவும் இந்த ஆள் முன்னாலா?

மக்கைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். ஆனால் பூச்சுக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் நிற்குமா? அது பாட்டுக்குச் சொட், சொட் என்று மேசையில் விழுந்தது.

"அப்பா, அம்மாவ நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று மகள் கிசுகிசுத்தாள்.

"நீ இரு."

மாடிப்படியில் கால் சத்தம். ஒவ்வொரு படியாக ஏறி வந்து கதவுக்கு வெளியே நின்றது. கதவடி இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, தட்டப் போகிறார். தட்டட்டும், தட்டாமல் என்ன செய்வார், அவர் பிழைப்பாச்சே. நாமே எழுந்துவிடலாம் என்று தொட்டி விளிம்பில் கையை ஊன்றினாள். தோளில் பட்ட காற்று சில்லென்றது. தண்ணீருக்குள் அப்போதுதான் ஒரு முட்டி வலி விட்டிருந்தது, இன்னொன்று பாதியில் இருந்தது. அழுகை வரும்போல் இருந்தது, கோபமும் வந்தது. ஒரு மணி நேரம்! இந்தப் பிறவியில் கேட்டது ஒரே ஒரு மணி நேரம்!

நிழல் அசையாமல் நின்றது. பிறகு நகர்ந்தது. கால் சத்தம் படியிறங்கிப் போனது.

கீழே காண்ட்ராக்டர் கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்? இறங்கி வந்தாங்கன்னா அஞ்சு நிமிஷத்துல தொட்டியப் பாத்துடலாமே. டைல்ஸ் போட்டவன் தப்பா இருக்கும்."

தப்பித்துக்கொள்ள வழியை அந்த மனுஷனே காட்டிவிட்டான். பிடித்துக்கொள்ளுங்கள் என்று அக்கா மனசுக்குள் கத்தினாள்.

"டைல்ஸ்காரன் மேல தப்பில்ல சார். என் தப்பு. தண்ணி நிரப்பாமயே ஓரம் அடச்சுட்டேன். அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு ஒரு அவசரம்."

அக்காவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

"சரி, அவங்கள வரச் சொல்லுங்க. பாத்துட்டு நான் கிளம்பணும்."

"அஞ்சு மணிக்கு மேல ஆகும் சார்."

"குளிச்சுக்கிட்டிருக்கறவங்களுக்காக நான் இங்க காத்திருக்கணுமா?"

"உங்க இஷ்டம் சார். இருபத்தாறு வருஷமா ஐஸ்ல நின்ன உடம்பு. இப்பத்தான் கொஞ்சம் சூடு ஏறியிருக்கும். என்னால எழுப்ப முடியாது."

காகிதம் சுருட்டுகிற சத்தம் கேட்டது. "உங்க வீட்டு வேலையே இப்படின்னா, நாப்பத்திரண்டு வீட்ட நம்பி எப்படிங்க குடுக்கறது?"

"நியாயம்தான் சார்."

"பாக்கலாம். யோசிச்சுச் சொல்றேன்." செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது. வண்டி கிளம்பித் தெருவில் தேய்ந்தது.

அக்காவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏற்கெனவே முகமெல்லாம் தண்ணீர், எது எதுவென்று யார் கண்டது? அவர் பிழைப்பு போய்விட்டதே என்று நெஞ்சு பதைத்தது. அதே நெஞ்சு சந்தோஷத்திலும் நிறைந்து நின்றது. பொய் சொல்வானேன், சந்தோஷம்தான் அதிகம்.

"ஏம்பா, சும்மா தலையாட்டியிருக்கலாம்ல?" என்று மகள் அழாக்குறையாகக் கேட்டாள்.

"விடு. வரதுன்னா வரும். அந்த வாளிய இப்படித் தள்ளி வை. பழைய துண்ட உள்ள போடு."

"துண்டு எதுக்கு?"

"சொட்டு விழற சத்தம் உங்கம்மாவுக்குக் கேக்கும். கேட்டா எழுந்திடுவா."

சொட்டுச் சத்தம் நின்றுபோனது. மணி ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"என்னங்க!" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

"என்னம்மா? தண்ணி ஆறிப்போச்சா?"

எல்லாவற்றையும் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு, "லேசா ஆறியிருக்கு" என்றாள்.

"சூடு விட்டுக்கோ. கீசர்ல நிறைய இருக்கு. அஞ்சு மணிக்கே எழுந்திருக்கணும்னு யாரு சொன்னா?"

அக்கா ஊன்றியிருந்த கையை எடுத்தாள். மறுபடி தாடை வரை தண்ணீருக்குள் இறங்கி, காலை நீட்டி, வெந்நீர்க் குழாயைப் பாதத்தாலேயே திருகி முழுசாகத் திறந்துவிட்டாள்.