கடல் இருந்த தெரு

டாக்சி ஸ்டாண்டில் அவரை எல்லோரும் 'சரித்திரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டை, பழைய சுங்கக் கட்டடம், காவல் கோபுரம், கடைசியில் கடற்கரை என்று ஒரே நாள் சுற்றுலாவைப் பதினேழு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கல்லுக்கு ஒரு கதை வைத்திருப்பார். அதில் எது காதில் விழுந்தது, எது கைச்சரக்கு என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

அன்று காலை காரில் ஏறியவர்கள் ஒரு அக்காவும் தம்பியும். இருவருக்கும் நாற்பதைத் தாண்டியிருக்கும். தம்பி பல் டாக்டர். அக்காவுக்கு ஒரு துறைமுகத்தில் வேலை. தூர்வாரும் கப்பலில் இருந்துகொண்டு தண்ணீரின் ஆழத்தை அளப்பவர்.

"ரெண்டு பேரும் வேற வேற ஊரு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடுவுல ஏதாவது ஒரு ஊர்ல சந்திச்சு ஒரு நாள் பூரா சண்டை போட்டுட்டுப் போவோம்" என்றார் தம்பி.

"சண்டை இவன்தான் போடுவான். நான் பதில் சொல்லுவேன்" என்றார் அக்கா.

கோட்டையின் கிழக்குச் சுவரில் தலை உயரத்தில் ஓர் இரும்பு வளையம் உண்டு. சரித்திரத்தின் கதைகளுக்கெல்லாம் ராஜா அந்த வளையத்தின் கதைதான். சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தோத்துப்போன தளபதியை இந்த வளையத்துலதான் ஏழு நாள் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. ஏழாம் நாள் ராத்திரி, யாருக்கும் தெரியாம ஒரு கை தண்ணி நீட்டுச்சு. யாரு கைன்னு நினைக்கிறீங்க? ராஜா பொண்ணோட கை."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு 'அடடா' வரும். இன்று வரவில்லை. அக்கா சுவரோரம் ஒட்டி நின்று கல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, சங்கிலி உரசி வளையத்துக்குக் கீழ கல்லு தேய்ஞ்சதுன்னே வச்சுக்குவோம். மேலயும் தேய்ஞ்சிருக்கே, அது எப்படி?"

சரித்திரம் திரும்பிப் பார்த்தார். வளையத்துக்குக் கீழே மூன்று பள்ளங்கள், மேலே இரண்டு. விரல் புதையும் அளவுக்கு வழுவழுவென்று தேய்ந்திருந்தன. பதினேழு வருடம் முதுகைக் காட்டி நின்றவருக்கு அவை இன்றுதான் கண்ணில் பட்டன.

"தளபதி ஏறி ஏறிக் குதிச்சிருப்பாரோ" என்றார் தம்பி.

"நீ சும்மா இரு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்குறது எதுன்னு யோசிச்சுப் பாருங்கண்ணே. தண்ணி ஏறினா படகும் ஏறும், இறங்கினா கூடவே இறங்கும். கட்டின கயிறு ரெண்டு பக்கமும் கல்லை அறுக்கும்."

"படகா? கடல் இங்கேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளியில்ல இருக்கு."

"இப்போ" என்றார் அக்கா. "ஆறு மண்ணைக் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருந்தா கடல் தள்ளிப் போயிரும். அந்த மண்ணை அள்ளித்தானே நான் சாப்பிடறேன்."

சரித்திரத்துக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் முகத்தில் கேலி இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே மட்டத்துல நேரா வடக்கே போனா என்ன வரும்?"

"துறைத்தெரும்மா. ஏதோ ஒரு துறையோட ஆபீஸ் அங்க இருந்திருக்கும்னு…" சொல்ல வந்த வாக்கியம் பாதியில் நின்றது. துறை என்றால் படகுத்துறையும்தானே. எத்தனை ஆயிரம் தடவை அந்தத் தெருவில் வண்டி ஓட்டியிருப்பார். "வண்டியில ஏறுங்க" என்றார்.

"சுங்கக் கட்டடம் பதினோரு மணிக்குன்னு போட்டிருக்கே" என்று பட்டியலைக் காட்டினார் தம்பி.

"அது எங்கயும் ஓடிப்போயிறாது சார்."

துறைத்தெருவின் கிழக்கு வரிசையில், சுவரில் இரும்பு வளையம் ஏதாவது உண்டா என்று ஒரு கடை விடாமல் கேட்டார்கள். சலவைக் கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். அச்சகத்தில் எதற்கு விசாரிக்கிறார்கள் என்று பயந்தார்கள். ஏழாவதாகப் போன சைக்கிள் கடைக்காரர்தான், "வளையமா? பின்னாடி வாங்க" என்றார்.

கடையின் பின்சுவர் மட்டும் பெரிய கருங்கல்லால் கட்டியது. அதில் முழங்கால் உயரத்தில் ஒரு வளையம். கடைக்காரர் அதில் பழைய டியூபுகளைக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்.

"மாடு கட்டுறதுக்குப் போட்டதுன்னு எங்க மாமனார் சொல்லுவாரு."

"ஏங்க, மாட்டைக் கட்ட இவ்வளவு பெரிய கல்லா?" என்று கேட்டார் சரித்திரம். கேட்டபிறகுதான், தன்னையும் யாராவது இப்படிக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

பசி பசி என்று புலம்பிக்கொண்டிருந்த பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, டியூபுகளை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டார். "அக்கா, இங்கயும் இருக்கு. கீழ, மேல ரெண்டு பக்கமும். பிரஷ்ஷை அழுத்தித் தேய்க்கிறவங்க பல்லு அசல் இப்படித்தான் இருக்கும்."

"அங்க தலை உயரம், இங்க முழங்கால் உயரமா?" என்றார் சரித்திரம்.

"தெருவை மேல மேல மண்ணு போட்டு உயர்த்தியிருப்பாங்க. வளையம் இருந்த இடத்துலயேதான் இருக்கு, தரைதான் ஏறியிருக்கு" என்றார் அக்கா.

அப்போதுதான் சரித்திரத்துக்குப் பொறி தட்டியது. "அப்போ இந்தச் சுவருக்குக் கிழக்கே இருக்கிறதெல்லாம் கடலா?"

"கடல்தான்."

"என் வீடு கிழக்கே நாலு தெரு தள்ளிம்மா. தண்ணிக்குப் போர் போட்டப்போ எட்டடி ஆழத்துலயே சிப்பி சிப்பியா வந்துச்சு. போர்க்காரன் எங்கேயோ கிடந்த மண்ணை இழுத்துட்டு வந்துட்டான்னு அவன்கிட்டச் சண்டை போட்டேன்."

சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு விருந்தாளிகளோடு வந்து நின்ற கணவரைப் பார்த்து அவர் மனைவி முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் முறைப்பு போய்விட்டது. மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு பெயிண்ட் டப்பாவை இழுத்து வந்து கவிழ்த்தார். தரையெல்லாம் சிப்பி.

"தூக்கிப் போடுன்னாரு. எனக்குத்தான் மனசு வரல. மண்ணுக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். போர்க்காரன் ஏமாத்திட்டான்னு ஒரு கதை சொன்னாரு."

"எனக்கும் காலையில ஒரு கதை சொன்னாருங்க" என்றார் அக்கா. சரித்திரம் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா ஒரு சிப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆழமில்லாத சேற்றுக் கடலில் வாழ்கிற வகை என்றார். "நீங்க சமைக்கிற இடத்துல இடுப்பளவு தண்ணி நின்னுருக்கும்."

மனைவி சமையலறைத் தரையைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மீன் எங்க வீட்டுக்கே வந்திருக்கு, நான் மெனக்கெட்டு மார்க்கெட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நான்கு தட்டுகளை எடுத்துவைத்தார். சுங்கக் கட்டடமும் காவல் கோபுரமும் அன்றைக்கு அதோடு போயின.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வழக்கமாக அங்கே பயணிகளை இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒரு தூக்கம் போடுவார் சரித்திரம். இன்று அவரும் இறங்கி நடந்தார்.

"அம்மா, கடல் இன்னும் எவ்வளவு தூரம் தள்ளிப் போகும்?"

அக்கா கையை நீட்டிக் காட்டினார். மணலோரத்தில் ஒரு சிமெண்ட் மேடை பாதி உடைந்து அலைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்க என்ன இருந்துச்சு?"

"டீக்கடை. வியாபாரம் இல்லாம மூடிட்டான்னு…" சொல்லிக்கொண்டு வந்தவர், மேடையின் உடைந்த விளிம்பில் அலை மோதுவதைப் பார்த்தார்.

"ஆத்துக்குக் குறுக்க எங்கயாவது அணை கட்டியிருக்காங்களா?"

"பத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு."

"அப்போ மண்ணு அங்கயே நின்னுரும், இங்க வராது. கடல் திரும்பி வருதுன்னு நினைக்கிறேன். ஒரு நாள் பார்த்துட்டு உறுதியாச் சொல்ல முடியாது. அளக்கணும்."

"எப்படி அளக்குறது?"

"ரோட்டோரக் கல்லுலேர்ந்து தண்ணி வரைக்கும் காலடி எண்ணுங்க. கடல் நல்லா ஏறி நிக்கிற நேரமாப் பார்த்து, மாசத்துக்கு ஒரு தடவை. தேதி போட்டு எழுதி வைங்க. அது போதும்."

செருப்பைக் கழற்றிவிட்டுச் சரித்திரம் கல்லிலிருந்து நடக்க ஆரம்பித்தார். தம்பியும் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். தண்ணீர் காலைத் தொட்டபோது டாக்டருக்கு எண்பத்தாறு, சரித்திரத்துக்குத் தொண்ணூற்றெட்டு.

"உங்க கால் குட்டைண்ணே."

"நீங்க தாவித் தாவி வந்தீங்க சார்."

அக்கா இருவரையும் கல்லுக்குத் திருப்பி அனுப்பினார். "அவன் நாளைக்கு ஊருக்குப் போயிருவான். இங்க இருக்கப் போறது நீங்கதான். உங்க கணக்குத்தான் கணக்கு. இன்னொரு தடவை நடங்க, பேசாம."