‘ஞ’வுக்குள் காற்று

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது தங்கை கணினியின் தொடுதிரையில் பாதிப் பட்டிகளைத்தான் மூடியிருந்தாள்.

"வந்துட்டாங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் ஜன்னலோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். எழுத்துரு வடிவமைப்பவர்கள் மத்தியில் அவனுக்குக் ‘கோணல்’ என்று பெயர். எல்லோரும் நேர் என்று சத்தியம் செய்யும் கோட்டைப் பார்த்து, கோணலாக இருக்கிறதே என்பான். அளந்து பார்த்தால் கோணலாகத்தான் இருக்கும்.

எல்லாம் மென்பொருள் செய்த வேலை. அவனுக்கென்று அவள் பார்த்துப் பார்த்து ஒழித்து வைத்திருந்த திரை, இன்று காலை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய சம்பந்தி வீட்டார் மாதிரி அத்தனை பட்டிகளையும் பரப்பி வைத்திருந்தது. அடுக்குகளின் பட்டியை மூடினாள். எழுத்து விவரப் பட்டியை மூடினாள். மேலே நீண்டிருந்த மெனு வரிசையை மறைத்தாள். வரைகட்டங்களை அணைத்தாள். புள்ளிகளைச் சுற்றி ஈ மாதிரி மொய்த்த எண்களையும் அணைத்தாள்.

மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். எழுத்து உட்காரும் அடிக்கோடு, தலை முட்டும் மேல்கோடு, இரு பக்கமும் எல்லைக் கோடுகள், ஒரு பேனாக் கருவி. திரையின் அடியில் ஒடுக்கமான ஒரு பட்டை. மேலே பெரிதாக வரைவது மருந்துப் புட்டியின் லேபிளில் எவ்வளவு பொடியாக விழுமோ, அவ்வளவு பொடியாக அதில் தெரியும். விசைப்பலகையில் பேனாவுக்குச் சிவப்புப் பொட்டு, சேமிக்கப் பச்சை, செய்ததைத் திரும்பப் பெற மஞ்சள். மூன்றையும் தட்டிப் பார்த்தாள். வேலை செய்தன.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அமைப்பைச் சேமித்துவிட்டு எழுந்து, நாற்காலியை அண்ணன் பக்கம் தள்ளினாள்.

விஷயம் இதுதான். ஒரு மருந்துக் கம்பெனியின் லேபிள்களுக்காக அவன் முழு எழுத்துரு ஒன்றை வரைந்து கொடுத்திருந்தான். கொடுத்த கையோடு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். சோதனை அச்சில் மற்ற எல்லா எழுத்தும் தேறிவிட்டது. ‘ஞ’ மட்டும் மை அடைத்துக் கரும்புள்ளி ஆகிவிட்டது. தங்கை திருத்தி அனுப்பினாள். இது வேறு கை என்று கம்பெனியின் அச்சு மேலாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். உங்கள் அண்ணனே திருத்தட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், முடியாது என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறோம் என்று ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அண்ணன் சொன்னான். "இது வரலேன்னா நான் இனிமே இந்த நாற்காலியில உக்கார மாட்டேன். நீ அழுதுகிட்டு வந்து நிக்கக் கூடாது."

சொன்னால் சொன்னதுதான். அது அவளுக்குத் தெரியும்.

மேலாளர் அம்மாள் நரைத்த கிராப்பும் கழுத்தில் தொங்கும் உருப்பெருக்கியுமாக உள்ளே வந்தார். உட்கார்ந்ததும் திரையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னம்மா, கழுவி விட்ட கூடம் மாதிரி இருக்கு? எங்க பசங்க திரையைப் பாத்தா விமானம் ஓட்டுறவன் தோத்துடுவான்."

"அண்ணனுக்குக் கூட்டம் ஆகாது மேடம்."

அண்ணன் உட்கார்ந்தான். திரை முழுக்க ஒரே ஒரு ‘ஞ’. வெகுநேரம் அவன் எதையும் தொடவில்லை. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கை அவன் விரலைப் பார்த்தாள். அது கருப்புக் கோட்டை விட்டுவிட்டு, உள்ளே அகப்பட்டிருந்த வெள்ளையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"இங்க மூச்சு முட்டுது," என்றான், யாரிடமோ.

அவள் திருத்தியபோது கோடுகளை மெலிய வைத்திருந்தாள். யாரும் அதைத்தான் செய்வார்கள். அவன் கோட்டின் தடிமனில் கையே வைக்கவில்லை. இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலைக்குப் போய், அங்கே கத்தியால் கீறின மாதிரி ஒரு வெட்டு வெட்டினான். அடுத்த மூலையில் இன்னொன்று. சுழியை ஒரு மயிரிழை வெளியே தள்ளினான். பெரிய ‘ஞ’ எலி கடித்தது போல் விகாரமாக நின்றது. மேலாளர் முகம் சுளித்தார்.

தங்கை மட்டும் கீழ்ப்பட்டையைப் பார்த்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கே, கடுகளவு எழுத்தின் வயிற்றுக்குள், வெளிச்சம் வந்திருந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். இவன் இப்படி வரைந்து பார்த்ததில்லை. எழுத்தை வரைகிறவனாகவே தெரியவில்லை. இருட்டறையில் ஜன்னல் எங்கே வரும் என்று சுவரைத் தடவிக் கண்டுபிடிப்பவன் போல் இருந்தான்.

அப்போதுதான் திரை நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. புதுப் பதிப்பின் கைங்கரியம். நான்கு வரி எச்சரிக்கை, கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று சேமித்துத் தொடரச் சொன்னது. மற்றது செய்ததையெல்லாம் கைவிடச் சொன்னது.

திரையில் வரையும் பேனாவைப் பிடித்த அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. நெற்றியில் வேர்வை அரும்பியது. பேனா முனை மெல்ல நகர்ந்தது, கைவிடும் பொத்தானை நோக்கி.

தங்கை தண்ணீர் டம்ளரை நகர்த்துகிற சாக்கில் குறுக்கே கையை நீட்டிச் சரியான பொத்தானைத் தட்டினாள். இந்தப் பதிப்பு தொட்டதற்கெல்லாம் உத்தரவு கேட்கிறது என்று சிரித்துச் சமாளித்தாள். எங்கள் மாமியார் தேவலை என்றார் மேலாளர்.

பெட்டி மறைந்தது. அண்ணன் மூச்சு விட்டுவிட்டு இன்னும் ஒரே ஒரு வளைவைத் தொட்டான். பச்சைப் பொட்டை அழுத்தினான்.

தங்கை அச்சுக்கு அனுப்ப, அச்சுப்பொறி ஒரு லேபிளைத் துப்பியது. மேலாளர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார். மூலைகளில் வெட்டிய இடத்தை மை நிரப்பியிருந்தது. விகாரம் போன இடம் தெரியவில்லை. ‘ஞ’ தன் அக்கம்பக்கத்து எழுத்துகளோடு திறந்த முகத்துடன் உட்கார்ந்திருந்தது.

அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பேசாமல் ஃபோனை எடுத்து, அச்சுக்கூடத்தைக் கூப்பிட்டு, இதையே ஓட்டச் சொல்லிவிட்டார்.

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கிளம்பும்போது மேலாளர் வாசலில் நின்றார். குரலில் பழைய கறார் இல்லை.

"ஒண்ணு கேக்கணும். எங்க பசங்க எழுத்தைத் தலைகீழாத் திருப்பி வெச்சுத்தான் சரி பாப்பாங்க. நேரா வெச்சா மனசு அதைப் படிச்சுடும், வடிவத்தைப் பாக்காதுன்னு. நீங்க ஒரு தடவைகூடத் திருப்பலையே. எப்படிங்க?"

தங்கை அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினான்.

"விடும்மா. அவங்க தெரிஞ்சுக்கட்டும்." மேலாளரைப் பார்த்துச் சிரித்தான். "மூளையில ரத்தம் கட்டிப் படுத்தேன்ல மேடம், அதுல எழுத்துப் படிக்கிறது மட்டும் போயிடுச்சு. கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இப்ப வரைஞ்சேனே, அது என்ன எழுத்துன்னும் தெரியாது."