சும்மா கிடைத்த ஈய மீன்

ஹனோவருக்கு வெளியே, சல்லிக்கல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் ஊறி ஏரியாகிவிட்ட ஓர் இடம் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கோடையில் அந்த ஏரி மீன்கள் எல்லாம் கூட்டம் கூடி, செட்டை உயர்த்தி, ஒரு தீர்மானம் எடுத்தன: அம்புறோஸின் தூண்டிலில் மட்டும் ஒருவரும் வாய் வைப்பதில்லை. எதிர்த்து ஒரு குஞ்சுகூட வாக்குப் போடவில்லை. தீர்மானம் பதினொரு சனிக்கிழமை பிசகாமல் நடந்தது.

அம்புறோஸ் லேசுப்பட்ட ஆளில்லை. மன்னார் பேசாலையில் நடக்கப் பழகுமுன் வலை எறியப் பழகியவர். ஜெர்மனிக்கு வந்து பிஸ்கட் தொழிற்சாலை அடுப்புக்குப் பக்கத்தில் பத்து வருடம் நின்று வெந்தபிறகு, தண்ணீர்ப் பக்கம் மனம் போனது. இந்த நாட்டில் தூண்டில் போடவும் சோதினை பாஸ் பண்ண வேண்டும். மீனுக்கு எத்தனை செட்டை, எந்தச் செட்டைக்கு என்ன பெயர், பிடித்த மீனை எப்படி மரியாதையாகக் கொல்வது என்று அறுபது கேள்வி, அத்தனையும் டொச்சு மொழியில். அம்புறோஸுக்கு அறுபதில் ஐம்பத்தெட்டு. கிடைத்த ஷைனை, அதாவது அனுமதிப் பத்திரத்தை, கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். "அது உங்கட சட்டைப் பைக்குள்ள இருக்க வேணுமப்பா, சுவரில இல்லை" என்று மனைவி ஜசிந்தா சொன்னபிறகுதான் கழற்றினார்.

அதோடு நின்றிருந்தால் வில்லங்கம் இல்லை. ஓகஸ்ட் மாதத் தமிழ்ப் பூசை முடிந்து, செப்டெம்பர் கடைசி ஞாயிறு விருந்துக்கு ஆர் ஆர் என்ன சமைப்பது என்று கதை வந்தபோது, ஜசிந்தாவின் தமையன் ஸ்ரனிஸ்லாஸ் எழும்பி, மீன் குழம்புக்குக் கடையில் உறைமீன் பெட்டி வாங்கலாம் என்றார். அம்புறோஸின் வாய் அம்புறோஸைக் கேளாமல் திறந்தது.

"செத்து ஐஸில கிடந்த சாமானை ஏன் சனத்துக்குக் குடுக்கிறியள்? நாப்பது பேருக்கும் நான் பிடிச்ச மீன்!"

பாதிரியார் கை தட்டினார். சனம் கை தட்டியது. ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் தட்டவில்லை.

"மச்சான், அஞ்சு அப்பமும் ரெண்டு மீனும் யேசு கையில பலுகி ஐயாயிரம் பேருக்குக் காணின கதை எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ரெண்டு மீனையும் ஆரோ ஒருத்தன் முதல் பிடிச்சுக் குடுத்தவன், என்ன?"

சிரிப்பில் கோயில் யன்னல் கண்ணாடியில் நின்ற பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஆடினார்கள். அன்றிலிருந்து அவருக்கு 'வெறுங்கை அம்புறோஸ்' என்று பெயர். வாக்குத் தவறினால் அந்தப் பெயர் கல்லறை வரை வரும். இல்லாவிட்டால் டார்ம்ஸ்டாட் பக்கம் வீடு மாறவேண்டும்.

இப்படியாக விருந்துக்கு முதல் நாள் வந்தது. பன்னிரண்டாவது சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அம்புறோஸும் ஜசிந்தாவும் ஏரிக்கரையில் நின்றார்கள். அவர் கையில் தூண்டில் தடி. அவள் கையில் பாணும் சம்பலும், ஒரு கத்தியும், பழைய பேப்பரும்.

"கத்தி ஏன்?"

"மீன் வெட்ட."

"பாத்தீரோ, உமக்கு நம்பிக்கை இருக்கு."

"சம்பலுக்கு வெங்காயம் வெட்டினாலும் வெட்டுவன்" என்றாள் ஜசிந்தா.

அவர் குறி வைத்தது டொச்சுக்காரர் பார்ஷ் என்று சொல்லும் மீனை. பச்சை உடம்பில் கறுப்பு வரி, சிவந்த செட்டை, முதுகு நிறைய முள். புலிக்குச் செதில் முளைத்தால் அப்படித்தான் இருக்கும். செப்டெம்பரில் பொடி மீன்கள் கூட்டம் கூட்டமாய்த் திரியும். பார்ஷ்கள் அவற்றை அடியிலிருந்து மேலே துரத்தி, தண்ணீர் முகட்டில் வைத்து அடிக்கும். பொடி மீன்கள் தப்ப ஏலாமல் துள்ள, மழை கீழிருந்து மேலே பெய்வது போல இருக்கும்.

"இஞ்சருங்கோ, தண்ணி கொதிக்குது!" என்று கத்தினாள் ஜசிந்தா.

நாற்பது பாகம், கிட்டத்தட்ட எழுபது மீற்றர் தள்ளி, ஏரி உண்மையாகவே கொதித்தது. அம்புறோஸ் பெட்டியைத் திறந்தார். அறுபத்திமூன்று பொய் இரைகள். தங்க முலாம் தகடு ஒன்று, அதற்குப் பெயர் கலியாண மாப்பிள்ளை. சிவப்பும் மஞ்சளும் பூசியது கூத்து ராசா. சாண் நீளத்தில், வயிற்றுக்குள் ஈயக்குண்டு போட்டுக் கிலுங்குகிற மரமீன் பெரியவர். பெரியவரின் விலையை ஜசிந்தாவுக்கு அவர் இன்றுவரை சொல்லவில்லை.

"கெதியா ஒண்டைப் போடுங்கோவன்!"

"பொறும். ஆரை அனுப்புறது எண்டு யோசிக்க வேணும். பெரிய மீனுக்குப் பெரிய இரை. கடலில பாரை மீனும் அறக்குளா மீனும் எனக்குப் படிப்பிச்ச பாடம்."

பெரியவரை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில் இருந்தது. தங்கூசி நூலை வளையத்துக்குள் விட்டார். அது ஒட்டகம் ஊசிக்காதுக்குள் போன கணக்காய்ப் போனது. முடிச்சை இறுக்கி நிமிர்ந்தால் ஏரி இஸ்திரி போட்ட வேட்டிமாதிரிக் கிடந்தது.

"முடிஞ்சுது. சாப்பிட்டிட்டுப் போட்டுதுகள்" என்றாள் ஜசிந்தா.

அடுத்த கொதிப்பு அக்கரையில். அம்புறோஸ் பெட்டியும் தடியுமாய் ஓடினார். அவர் போய்ச் சேர, கொதிப்பு அவர் விட்டுவந்த இடத்தில், ஜசிந்தாவின் காலடியில் எழும்பியது. திரும்பி ஓடினார். அன்று அவர் அந்த ஏரியை ஏழு தரம் சுற்றினார். வேதாகமத்தில் எரிக்கோ மதில் ஏழாம் சுற்றில் விழுந்தது. இங்கே விழுந்தது அம்புறோஸ்தான், ஒரு வேரில் தடக்கி.

நாலைந்து தரம் கொதிப்பு எட்டும் தூரத்திலும் வந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். வலைக்காரக் கண் அல்லவா, கூட்டத்தைக் கண்டவுடன் நடு நெஞ்சைப் பார்த்து எறிந்தார். வலை என்றால் அப்படித்தான் எறிய வேண்டும். ஆனால் பெரியவர் வலை இல்லை. சாண் நீள மரக்கட்டை. அது நடுக்கூட்டத்தில் குண்டு போட்டமாதிரி விழ, பொடி மீன்கள் நாலு திக்கிலும் சிதற, பார்ஷ்கள் 'ஆர் இந்த விசரன்' என்று கேட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டன. மாப்பிள்ளையை அனுப்பினார், மாப்பிள்ளை தனியே திரும்பி வந்தார். ராசாவை அனுப்பினார், ராசா முடியில் பாசியோடு வந்தார். மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு பேர் குளித்துவிட்டு வந்தார்கள். ஒருவர் உடம்பிலும் பல்லுக் காயம் இல்லை.

பக்கத்து ஊர்க் கோயில் மணி இரண்டு அடித்தது. அம்புறோஸுக்கு அது சாவுமணி. சனிக்கிழமை இரண்டு மணிக்கு இந்தத் தேசம் முழுக்கக் கடை பூட்டு. இனி ஒளித்துப் போய் உறைமீன் வாங்கவும் ஏலாது. திங்கட்கிழமை வரை ஜெர்மனியில் மீன் உள்ள ஒரே இடம் இந்த ஏரி, அந்த மீன்களோ தீர்மானம் எடுத்த மீன்கள்.

ஆத்திரத்தில் அவர் அடுத்த கொதிப்பைப் பார்த்துப் பெரியவரை மறுபடி எறிந்த எறியில் சுருளில் நூல் குருவிக்கூடாய்ச் சிக்கியது. அவர் குந்தியிருந்து சிக்கெடுத்தார். சிக்கெடுக்கச் சிக்கெடுக்க, மீன்பிடிகாரருக்குப் பாதுகாவலாய் உள்ள அர்ச்சியசிஷ்டவர்களான புனிதர்களை எல்லாம் ஒவ்வொருவராய் விசாரித்தார். அந்த நேரம் முழுக்கப் பெரியவர் கொதிப்புக்கு அப்பால் விழுந்து, மெல்ல மெல்ல அடிக்குத் தாழ்ந்துகொண்டிருந்தார். சிக்கு அவிழ்ந்து நூலை இழுத்தால், பாரம்!

"பிடிச்சிட்டன்! எடியே, பிடிச்சிட்டன்!"

வந்தது கையளவு பார்ஷ். தூண்டில் முள் வாயில் இல்லை, முதுகில் கொழுவியிருந்தது.

"இது கடிக்க வரேல்லையப்பா" என்றாள் ஜசிந்தா. "போற வழியில இடிபட்டிருக்கு."

அவர் சோதினையில் படித்தபடி மரியாதையாக ஒரு தட்டுத் தட்டினார். கைக்கு மீன் வந்தால் ஜசிந்தாவால் பேசாமல் இருக்க ஏலாது. பேப்பரை விரித்து, செவுள் பூவைக் கிள்ளி, வயிற்றைக் கீறி, வழக்கம்போல இரைப்பையையும் பிதுக்கிப் பார்த்தாள். ஏழு பொடி மீன். ஒவ்வொன்றும் சின்னவிரலில் பாதி. மினுக்கம் இல்லை, வரி இல்லை, வெறும் சாம்பல் நிறம்.

"இஞ்சை பாருங்கோ. இதுகள் நெத்தலிக் குஞ்சு தின்னுதுகள். நீங்கள் என்னெண்டால் கூத்து ராசாவைக் குடுக்கிறியள்."

"எனக்கு மீன் சொல்லித் தாறீரோ? பேசாலையில..."

"நான் சொல்லேல்லை. குடல் சொல்லுது. நெத்தலியில சுண்டல் சாப்பிடக் குந்தினவனுக்கு முன்னால ஒரு முழுச் சுறாவைத் தூக்கிப் போட்டால் அவன் ஓடாமல் என்ன செய்வான்?"

அம்புறோஸுக்கு மூக்கு முட்டக் கோபம். இருந்தும் பெட்டியைக் கொட்டித் தேடினார். அறுபத்திமூன்று பேரில் சின்னவிரலில் பாதியாய் ஒருவர்கூட இல்லை. எல்லாம் தேர்த் திருவிழாவுக்கு வெளிக்கிட்டதுகள். தலையில் கை வைத்து இருந்தவர் தற்செயலாகக் கரையில் நின்ற தங்கள் காரைப் பார்த்தார். ஜசிந்தாவும் பார்த்தாள்.

ஒப்பல் காரின் முன் கண்ணாடியில் செபமாலையோடு சேர்ந்து ஒரு குட்டி ஈய மீன் தொங்கியது. பெரியவரை வாங்கியபோது கடைக்காரர் சும்மா போட்டுக் கொடுத்தது. 'இதை ஆர் தின்னும்' என்று சிரித்து, தூண்டில் முள்ளைக் குறட்டால் நறுக்கிவிட்டு அழகுக்கு அவரே தொங்கவிட்டது. சாம்பல் நிறம். சின்னவிரலில் பாதி.

"அது செபமாலையோட கிடந்த சாமான்" என்றார் அம்புறோஸ், கடைசி மானத்தைக் காப்பாற்ற.

"நல்லதுதானே. உங்களுக்கு இப்ப அற்புதம்தான் வேணும்."

கலியாண மாப்பிள்ளையின் முள்ளைக் கழற்றி ஈய மீனுக்குப் பூட்டினார்கள். வளையம் திறக்க அவர் நகம் இரண்டு போனது; ஜசிந்தா சட்டையூசியால் நெம்பித் திறந்தாள். பிறகு காத்திருந்தார்கள். மூன்று மணி, நாலு மணி. ஏரி வேண்டுமென்றே தூங்கியது. ஐந்தே காலுக்கு, கார் நின்ற மூலையில் தண்ணீர் கொதித்தது.

அம்புறோஸின் கை நடுநெஞ்சுக்குத்தான் போகப் பார்த்தது. கையை அடக்கி, கொதிப்புக்கு அப்பால் எறிந்தார். குருவிக்கூட்டு நேரம் ஞாபகம் வந்தது: தாழ விடவேண்டும். எவ்வளவு நேரம்? மாதா மந்திரத்தால் அளந்தார். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி, "ஆண்டவர் உம்முடனே" வரை விட்டார். இழுத்தார். ஒன்றும் இல்லை. அடுத்த எறி, "கனியாகிய இயேசுவும்" வரை விட்டார். தடி வளைந்தது. வாயில், நடு வாயில், பார்ஷ்!

அதன்பிறகு அங்கே நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மீன்கள் வரிசையில் நின்று, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு எறிக்கும் அரை மந்திரம், ஒவ்வொரு அரை மந்திரத்துக்கும் ஒரு மீன். ஜசிந்தாவின் கத்திக்கு மூச்சுவிட நேரமில்லை.

"பதின்மூண்டு! நாப்பது பேருக்கு இன்னும் எத்தினை வேணும்?"

"கதையாமல் எறியுங்கோ!"

எறிந்தார். "கனியாகிய" என்று சொல்ல, அடியில் ஏதோ வந்து இடித்தது. பார்ஷ் இடிக்கிற இடி இல்லை. தடி ஒருதரம் குனிந்து, நிமிர்ந்து, லேசாகிவிட்டது. நூலை இழுத்தால் நுனி கத்தரியால் வெட்டினமாதிரி. ஹெக்ட் என்று ஒரு மீன் இருக்கிறது; முதலை வாய், வாய் நிறைய ஊசி. பார்ஷைத் தின்ன வந்தது ஈய மீனைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. கொதிப்பு இன்னும் அரை மணித்தியாலம் அவர் கண்முன்னே கொதித்தது. அம்புறோஸ் அறுபத்திமூன்று இரைகளை வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

முதுகில் குத்துப்பட்டதும் சேர்த்துப் பதினாலு. தலையும் முள்ளும் போனால் பன்னிரண்டு பேருக்குக் காணும், அதுவும் நோயாளிகள் என்றால்.

காரில் வீட்டுக்கு வெளிக்கிட்டார்கள். பாதி வழியில் ஜசிந்தா தொண்டையைச் செருமினாள்.

"இஞ்சருங்கோ. வீட்டில ஐஸ் பெட்டிக்குள்ள பத்துப் பெட்டி மீன் கிடக்கு. வெள்ளிக்கிழமையே வாங்கி வைச்சிட்டன்."

"வெள்ளிக்கிழமையோ? நான் ஒண்டுமே பிடிக்கமாட்டன் எண்டு முடிவெடுத்திட்டீரோ?"

"கடை ரெண்டு மணிக்குப் பூட்டும் எண்டு எனக்குத் தெரியும். உங்களையும் எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் இரண்டும் ஒரே குழம்பில் கொதித்தன. நாற்பது பேரும் விரல் சூப்பினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் கரண்டியால் துழாவி, சதுரமாய் வெட்டின முள்ளில்லாத ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"மச்சான், தோத்துப்போனன். இதுதான்டா ஏரி மீன்! முள்ளே இல்லை, பஞ்சு!" அடுத்து ஒரு பார்ஷ் துண்டு அகப்பட்டது. கடித்தார், முகத்தைச் சுழித்தார், நாலு முள்ளைத் துப்பினார். "இடைக்கிடை கடைச் சாமானும் கலந்துதான் இருக்கிறாய், கள்ளா. ஐஸ் மணக்குது."

அம்புறோஸ் வாயைத் திறந்தார். ஜசிந்தா மேசைக்குக் கீழே காலை மிதித்தாள். மூடினார். ஸ்ரனிஸ்லாஸ் எழும்பி நின்று, இனி ஒருவரும் இந்த மனிசனை வெறுங்கை என்று சொல்லக்கூடாது என்று கூட்டத்துக்கு அறிவித்தார். சனம் கை தட்டியது. தான் பிடித்த மீனைத் தன்னுடையது என்று சொல்லவும் ஏலாமல், பிடிக்காத மீனுக்கு விழுந்த கைதட்டலைத் தள்ளவும் ஏலாமல், அம்புறோஸ் தட்டோரத்தில் கிடந்த பார்ஷ் முள்ளையே முறைத்துக்கொண்டு இருந்தார்.

"நாளைக்கு வேலை முடிய அந்தத் தூண்டில் கடைக்குப் போட்டு வாறன்" என்றார் மெல்ல.

"என்னத்துக்கு?"

"இன்னொரு பெரியவர் வாங்க வேணும்."

"விசரே உங்களுக்கு? அதைத்தான் ஒரு மீனும் தின்னுதில்லையே!"

"அதை வாங்கினால்தான் மற்றதைச் சும்மா தருவான்" என்றார் அம்புறோஸ்.