சீட் இரண்டு கட்டம் முன்னால்

மூன்று மணிக்கு சித்தப்பா வீட்டு வாசலில் டாக்சி வந்து நிற்கும். இப்போது மணி ஒன்று இருபது.

சர்வேயர் கைக்கடிகாரத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தாள். நசுங்கின கார்களைச் சுற்றி வந்து, இடித்தது யார், இடிபட்டது யார் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது அவள் வேலை. ஒர்க்‌ஷாப்களில் அவள் தலையைக் கண்டால் போதும், பெரிய பெரிய மேனேஜர்கள் 'மேடம்' என்று எழுந்து நிற்பார்கள். இந்த வீட்டில் மட்டும் முப்பத்தெட்டு வயதிலும் பாப்பா.

"பாப்பா, நீ எத்தனை வாட்டி வாட்ச்சைப் பார்த்தாலும் நான் வரமாட்டேன்" என்றார் அப்பா, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து. இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த வாரம் ஆபரேஷன். மற்றபடி பிடிவாதம் உட்பட எல்லா பாகமும் நல்ல கண்டிஷன்.

"அப்பா, சித்தப்பா தன் மகன்கூட இருக்கப் போறார். கடல் தாண்டி. பட்டறையைக்கூட மூடியாச்சு. இனிமே திரும்பி வருவார்னு என்ன நிச்சயம்? ஒரே ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

"போகட்டும். போற இடத்துல எவன் காரையும் திருடாம இருக்கட்டும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. அம்மா எடுக்கவில்லை. அது தானாக உருண்டு, தானாக ஓய்ந்தது.

இருபத்திரண்டு வருஷப் பகை. இதற்கெல்லாம் மூலகாரணம் ஷெட்டில் நிற்கும் அந்த வெளிர்நீலக் கார்.

தாத்தா ஒரு டாக்டரின் டிரைவர். முப்பது வருஷம் அடுத்தவர் காரைத் துடைத்து, கடைசியில் தனக்கென்று ஒன்று வாங்கினார். டிரைவர் புத்தி போகுமா? கிளம்பும்போது மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார், வந்து நின்றதும் எழுதுவார். முதல் வரி இன்னும் இருக்கிறது: '00,009. கம்பெனியிலிருந்து வீடு. ஒரு கீறல் இல்லை.' அவருக்குப் பிறகு நோட்டு அப்பாவிடம் வந்தது. அப்பாவோ பஸ் டிப்போவில் டைம்கீப்பர். கேட்கவா வேண்டும்? அந்த வீட்டில் காலண்டர் வெறும் ஆணிக்குத் துணை. எல்லாம் மீட்டர் கணக்குதான். தாத்தா போனது ஐம்பத்தாறாயிரத்தில். எதிர்வீடு கட்டியது எழுபதாயிரத்தில். சர்வேயர் பிறந்ததும் நோட்டில் உண்டு: '31,406. பெண். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மழை. இருந்தும் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பியது.' குழந்தைக்கு ஒரு வார்த்தை, காருக்கு ஒரு வரி.

தாத்தாவின் கார்ப் பைத்தியம் பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் பங்கு வந்தது. அண்ணன் நோட்டை எடுத்துக்கொண்டார், தம்பி ஸ்பேனரை. தம்பிக்கு ஆறடி மூன்றங்குலம். ஏணி என்று பெயரே வைத்துவிட்டார்கள். சர்வேயருக்கு ஏணிச் சித்தப்பா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் தோளில் ஏறி, திறந்த பானெட்டுக்குள் மேலிருந்து எட்டிப் பார்ப்பாள். இன்றைக்கு அவள் சாப்பிடும் சோறு அந்தத் தோளில் ஆரம்பித்தது.

அறுபத்துநாலாயிரத்தில் வெடித்தது. அப்பா ஒரு மாத டிரெயினிங்குக்கு வெளியூர் போனார். காரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. திரும்பி வந்து பார்த்தால் மீட்டரில் நூற்றெண்பத்தாறு கிலோமீட்டர் அதிகம். வீட்டில் ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் தம்பி ஒருவன்தான். 'ஆமா, நான்தான் எடுத்தேன்' என்று அவரும் ஒப்புக்கொண்டார். அப்பா அத்தோடு விட்டாரா? தெருவே கேட்க, 'அப்பா வாங்கின காரைத் திருடின பய' என்றார். மறுநாள் காலையில் ஏணி தன் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியேறியது.

"நூற்றெண்பத்தாறு கிலோமீட்டர், அப்பா! நேத்து நான் ஒரு ஆக்சிடென்ட் பார்க்க அதுக்கு மேல போயிட்டு வந்தேன்."

"கிலோமீட்டர் இல்ல பாப்பா, நாணயம். உனக்கு நம்பிக்கை இல்லேன்னா நோட்டைக் கொண்டா. அந்தப் பக்கத்தைப் படி. ஆதாரம் அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றிய நோட்டு அது. அப்பாவைத் தவிர யாரும் புரட்டியதில்லை. இப்போது கண் போனதால் மகள் கைக்கு வந்தது. சர்வேயர் பக்கத்தைத் தேடிப் பிடித்து உரக்கப் படித்தாள்.

"'64,396. நான் விட்டுப் போனது 64,210. பெட்ரோல் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது; ஊற்றி வைத்திருக்கிறான் கில்லாடி.'"

"ம். கேட்டுக்கோ."

"'டயர் சரி. பிரேக் சரி. சீட் இரண்டு கட்டம் முன்னால் வந்திருக்கிறது. உள்கண்ணாடி கீழே பார்க்கிறது.'"

அவள் நிறுத்தினாள்.

"மேல படி."

"அவ்வளவுதான்." அவள் குரல் மாறியிருந்தது. ஒர்க்‌ஷாப் மேனேஜர்களை எழுந்து நிற்க வைக்கும் குரல். "அப்பா, சீட் முன்னால வந்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"அதான் சொல்றேன். நகர்ந்திருக்கு. அப்போ ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"ஆறடி மூணங்குல ஆளா? சீட்டை முன்னால இழுத்துப் போட்டு?"

அப்பா வாழ்நாள் முழுக்க நம்பரை மட்டும் நம்பின மனிதர். நூற்றெண்பத்தாறு என்ற எண்ணைப் பார்த்த ஆவேசத்தில், பக்கத்திலேயே தன் கையால் எழுதின சாட்சியை அவர் விசாரிக்கவே இல்லை.

சர்வேயர் ஷெட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே அப்பா, சுவரைத் தடவிக்கொண்டு. அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அடியில் இருந்த கம்பியை இழுத்து, சீட்டை முன்னால் தள்ளினாள். டக். டக். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. அவளுக்கே இப்படி என்றால் சித்தப்பாவுக்கு முட்டி காதுக்கு வந்திருக்கும்.

"இன்னொண்ணும் இருக்குப்பா. அவர் மெக்கானிக். மீட்டர் கேபிளைக் கழட்ட அவருக்கு ரெண்டு நிமிஷம். உங்க நோட்டைப் பத்தியும் தெரியும். திருட்டுத்தனமா ஓட்டியிருந்தா மீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது."

"அப்போ யாருடி?"

சர்வேயர் சீட்டிலிருந்து இறங்கினாள். ஷெட் வாசலில் அம்மா நின்றிருந்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. பீரோவின் மேல்தட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறும் அம்மா.

"அம்மா, இங்கே கொஞ்சம் உக்காரேன்."

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். பாதம் கச்சிதமாக கிளட்ச்சில் பதிந்தது. ஒரு கை உயர்ந்து உள்கண்ணாடியைக் கீழே திருப்பியது. இன்னொரு கை, கேட்காமலே, கியரை நியூட்ரலா என்று ஆட்டிப் பார்த்தது.

அப்பாவுக்கு உருவம் தெரியவில்லை. சத்தம் தெரிந்தது. அந்தக் கியர் ஆடும் சத்தம் அவருக்குத் தெரியாதா?

"நீயா?"

"நான்தான்" என்றாள் அம்மா, ஸ்டீயரிங்கைப் பார்த்தே. "ஓட்டக் கத்துக்குடுங்கன்னு உங்ககிட்ட ஏழெட்டு தடவை கேட்டேன். கார் என்ன கிரைண்டரான்னு சிரிச்சீங்க. நீங்க ஊருக்குப் போனதும் அவனைக் கெஞ்சினேன். காலையில பாப்பா ஸ்கூலுக்குப் போனதும் மில்லு மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவான். கேபிளைக் கழட்டட்டுமா அண்ணின்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். நீங்க வந்ததும் ஓட்டிக் காட்டி, நோட்டுல என் பேரை எழுதச் சொல்லணும்னு ஆசை."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்க எங்கே திறக்க விட்டீங்க? வந்ததும் ருத்ர தாண்டவம். அவன் என் முகத்தைப் பார்த்தான், நான்தான்னு சொல்லிட்டான். ரெண்டு நாள்ல அண்ணன் ஆறிடுவார், அப்புறம் சொல்லிக்கலாம் அண்ணின்னான். மறுநாளே டூல்பாக்ஸைத் தூக்கிட்டான். அதுக்கப்புறம் சொல்லணும்னு நினைக்காத நாள் இல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் நேத்தைவிடக் கஷ்டமா இருந்துச்சுங்க. தப்பு என்னோடது."

அப்பா பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மணி என்ன?"

"ரெண்டு அஞ்சு."

"எவ்வளவு தூரம்?"

"பதினாலு கிலோமீட்டர்."

"அப்போ எதுக்கு நின்னு கதை பேசிட்டு இருக்கீங்க, ரெண்டு பேரும்?" சீறினார் அப்பா. பின்கதவைத் திறக்கப் போனவர், முன்பக்கம் திரும்பி, "நீ ஓட்டுறியா?" என்றார். அம்மாவிடம்தான்.

"லைசென்ஸும் இல்ல, ஓட்டி இருபத்திரண்டு வருஷமும் ஆச்சு. ரோட்டுல போறவங்க என்ன பாவம் பண்ணினாங்க?" அம்மா இறங்கிக்கொண்டாள். சர்வேயர் சீட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினாள். மழை இல்லை, ஒரே ஸ்டார்ட்.

வழியில் லாரி ஒன்று மல்லாந்து கிடந்தது. சுற்று வழி. அப்பா வாய்விட்டு வேண்டிக்கொள்ளாத குறை. இரண்டு ஐம்பத்தாறுக்கு சித்தப்பாவின் தெருவில் திரும்பியபோது டாக்சி முன்னாலேயே வந்து நின்றிருந்தது. டிக்கியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. நிலைப்படியில் தலையைக் குனிந்து வெளியே வந்த சித்தப்பா, நிமிர்வதற்கு முன்பே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷமானாலும் அந்த இன்ஜின் சத்தம் மறக்குமா?

"டேப்பெட் சத்தம் போடுது" என்றார், யாரையும் பார்க்காமல். "எந்த மடையன் சர்வீஸ் பண்றான்?"

அப்பா இறங்கினார். சத்தம் வந்த திசைக்கு நாலு எட்டு வைத்து, பெட்டி ஒன்றில் தடுக்கி, தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

"அண்ணி சொல்லிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் சித்தப்பா.

"நோட்டு சொல்லுச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியல." மன்னிப்பு என்ற வார்த்தை அப்பாவின் வாயில் என்றைக்கும் ஸ்டார்ட் ஆனதில்லை. இரண்டு முறை முயன்றார். கடைசியில் மகளிடம் கையை நீட்டி, சாவியை வாங்கி, தம்பியின் உள்ளங்கையைத் தேடி வைத்து அழுத்தினார்.

"டாக்சியில பெட்டி மட்டும் போகட்டும். ஏர்போர்ட் வரைக்கும் நீ ஓட்டு. சீட்டை நல்லாப் பின்னால தள்ளிக்கோடா."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கம்பியை இழுத்தார். டக். டக். டக். சீட் கடைசி வரை போய் நின்றது.

பின்சீட்டில் அம்மா, கையோடு கொண்டுவந்த நோட்டைத் திறந்தாள். பழைய பக்கத்தில் 'கில்லாடி' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, மேலே தன் பெயரை எழுதினாள்.