மிஞ்சிய சீட்டு

பிஸ்கட் டப்பாவுக்குள் கடைசியாகக் கையை விட்டவள் ஸ்டெல்லாமேரி. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. பங்குக் கோவில் மன்றத்தில் மற்ற பதினெட்டுப் பேரும் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் பின்பக்கம் நின்று, டீ டம்ளரை எப்படிக் கழுவ வேண்டும் என்று கழுவுகிற பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். அதுதான் அவளுக்கு வந்த கேடு.

வயது நாற்பத்தொன்பது. புதுச்சேரி சாரத்தில் ஒண்டியாக ஒரு வீடு, அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் பெஞ்சில் உட்காருவாள். வாசகம் படிக்கிறவர் எங்கேயாவது தடுக்கினால், மைக்கில் விழுகிற அளவுக்குச் சத்தமாக எடுத்துக்கொடுப்பாள். இப்படிப்பட்டவர்களை ஊரே மதிக்கும். பக்கத்தில் மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள்.

பங்குத் திருவிழாவுக்கான கொடியை வேளாங்கண்ணியில் மந்திரித்து, மூன்று நாள் சைக்கிள் மிதித்துப் புதுச்சேரிக்குக் கொண்டுவருவது இனியவன் ஃபாதரின் யோசனை. ஊர் உலகமெல்லாம் இங்கிருந்து அங்கே மிதித்துக்கொண்டு போகும். நம்ம ஃபாதருக்கு அங்கிருந்து இங்கே. நூற்று அறுபது சொச்சம் கிலோமீட்டர். ஸ்டெல்லாமேரி பேர் கொடுத்தபோது, சர்க்கரை குறையும் என்று டாக்டர் சொன்னார் என்றாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இந்த மூன்று நாளில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், தன் பக்கத்தில் பேசிக்கொண்டே மிதிக்க மாட்டார்களா என்று ஆசை. இதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. ஆசை பாவம் இல்லையே!

சீட்டு விளையாட்டும் ஃபாதர் கண்டுபிடித்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாப் பங்கிலும் ஆடுவதுதான். அதற்கு இந்த முறை ‘காவல் தூதர்’ என்று பேர் வைத்திருந்தார்.

“உங்க கைக்கு வந்த பேரு உங்க பொறுப்பு. மூணு நாளைக்கும் அவங்களுக்குத் தெரியாம அவங்கள உற்சாகப்படுத்தணும். தண்ணி பிடிச்சு வைக்கலாம், ரெண்டு வரி எழுதி வைக்கலாம். யாருன்னு மட்டும் மூச்சு விடக்கூடாது. திரும்பி வந்து இதே இடத்துல சொல்லிக்கலாம். சொந்தப் பேரே வந்தா திருப்பிப் போட்டுருங்க!” என்று ஃபாதர் கத்திச் சொன்னார். வாசலில் சைக்கிள்களை ஏற்ற மினி லாரியோடு காத்துக்கொண்டிருந்த டிரைவர்கூட நிலைப்படியில் சாய்ந்தபடி இதையெல்லாம் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டப்பாவில் ஒரே ஒரு சீட்டு மிஞ்சியிருந்தது. ஸ்டெல்லாமேரி பிரித்தாள். ‘ஸ்டெல்லாமேரி’ என்று போட்டிருந்தது.

திருப்பிப் போடலாம்தான். ஆனால் டப்பாவில் வேறு சீட்டு இல்லை. மறுபடியும் முதலிலிருந்து குலுக்க வேண்டும். மற்றவர்கள் ஏற்கெனவே சீட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய், ‘என் பேர் யாருக்கும் வரவில்லை, அடியில் கிடந்தது’ என்று சொல்வதா? அதுக்கு வேறு ஆளைப் பாரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சீட்டை மடித்தாள். போன கிறிஸ்துமஸுக்குத் தன் பேரை எடுத்த புண்ணியவான், வேறு யாருடைய பேரோ எழுதியிருந்த சோப்பு டப்பாவைத்தானே கொடுத்தார்? அதற்கு இது மேல். தன்னைத் தானே உற்சாகப்படுத்திக்கொள்ள அவளுக்குத் தெரியாதா என்ன!

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த தம்பி விட்டுப்போன கியர் சைக்கிளை லாரியில் ஏற்றும்போது, சீட்டைக் கசக்கி அதன் ஒரு மூலையில் போட்டுவிட்டாள்.

முதல் நாள், வேளாங்கண்ணியில் பூசை முடிந்து கொடி கிளம்பியது. நாகப்பட்டினம் தாண்டுவதற்குள் பதினெட்டுப் பேரும் முன்னால் போய்விட்டார்கள். ஸ்டெல்லாமேரிக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு வண்டி, அந்த மினி லாரி. தண்ணீர் கேனும் அடுப்பும் அரிசி மூட்டையும் வைத்துக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அதன் வேலை. டிரைவர் சக்கரபாணி பாகூர் பக்கத்துக்காரர். நெற்றியில் ஒற்றை நாமம். பஸ் வருகிற போதெல்லாம் அவளுக்காக ஹாரன் அடித்தார்.

“டிரைவர்! எனக்குக் காது கேக்கும். சும்மா சும்மா அடிக்காதீங்க” என்று திரும்பாமலே அதட்டினாள்.

“சரிம்மா” என்று குரல் வந்தது. அதற்கப்புறம் ஹாரன் வரவில்லை. லாரி மட்டும் பத்தடி பின்னால், அவள் மிதிக்கிற வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. அவளும் அதை மறந்துவிட்டு, சீட் இடுப்பை ஒடிக்கிறது, எலுமிச்சை ஜூஸில் இப்படிச் சர்க்கரையைக் கொட்டினால் மனுஷி குடிப்பாளா என்று காரைக்கால் வரைக்கும் வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே மிதித்தாள்.

மாலையில் எல்லோரும் தரங்கம்பாடியில் தங்கினார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவாகக் கொட்டியது. நர்சிங் படிக்கிற ஃபாத்திமாவுக்கு யாரோ சாக்லேட்டும் பைபிள் வசனமும் வைத்திருந்தார்கள். ‘என் தூதர் யாரோ! அழுகையா வருது’ என்று போட்டிருந்தாள். ஸ்டெல்லாமேரியும் தன் பங்குக்கு, கடையில் வாங்கிய கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைச் சைக்கிள் மேல் வைத்து, ‘உங்களால் முடியும்’ என்று இடது கையால் கோணல்மாணலாக எழுதி, போட்டோ எடுத்துப் போட்டாள். பதினான்கு இதயங்கள் வந்தன. கடலை மிட்டாயை ஒரு கடி கடித்துவிட்டு மீதியை மடித்து வைத்தாள். பாகு முற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். இரண்டு டயரிலும் காற்று கல்லுப்போல இருந்தது. செயினுக்கு எண்ணெய் விட்டிருந்தது. சீட்டின் மேல் பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்து, சணல் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ். ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உப்புப் போட்டது.

இதை அவள் செய்யவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பத்தொன்பது பேர். பத்தொன்பது சீட்டு. பதினெட்டுச் சீட்டில் பதினெட்டு வேறு பேர்கள், பத்தொன்பதாவது அவளிடம். ஆபீசில் எத்தனையோ ஃபைல்களைச் சரிபார்த்த மூளை இதையும் மூன்று முறை சரிபார்த்தது. மனிதர்களில் ஆள் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது வானம்தான். ஆனால் வானத்துத் தூதரான சம்மனசு செயினுக்கு எண்ணெய் விடுமா? விட்டாலும், இப்படிக் கோடு போட்ட லுங்கித் துண்டா கொண்டுவரும்?

அடுத்த சந்தேகம் அந்தோணி முசே மேல் விழுந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், மனைவியை இழந்தவர், அறுபதிலும் நிமிர்ந்து மிதிப்பார். எல்லோரையும் பார்த்து “கூராஜ்! கூராஜ்!” என்று பிரெஞ்சில் தைரியம் சொல்லிக் கத்திக்கொண்டே போவார். ‘அந்தம்மா வந்தா நான் வரல’ என்று கமிட்டியில் சொன்னவரும் அவர்தான் என்று கேள்வி. ஒருவேளை மனது உறுத்தியிருக்குமோ? சாப்பிட உட்கார்ந்தபோது அவரைப் பார்த்து ஸ்டெல்லாமேரி சிரித்தாள். முசே திரும்பித் தன் பின்னால் யார் என்று பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. அவசரமாக எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கொள்ளிடம் பாலத்தில் அவள் காலி. எதிர்க்காற்று ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். முன்னால் போனவர்களின் தலைகூடத் தெரியவில்லை. சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை.

“போதும் டிரைவர். என்னால ஆகாது. சைக்கிள ஏத்துங்க.”

சக்கரபாணி இறங்கிவந்து சைக்கிளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, “வண்டில எடம் இல்லையேம்மா” என்றார்.

பின்னால் எட்டிப் பார்த்தாள். அடுப்பும் மூட்டையும் தவிர லாரி வெறிச்சோடிக் கிடந்தது. குரூப்பையே குடிவைக்கலாம்.

“என்ன வெளயாடுறீங்களா? இது என்ன எடம் இல்லாத வண்டி?”

“அடுப்பு இருக்கும்மா. சூடா இருக்கு, உருண்டுடும்” என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். “பாலம் முடிஞ்சா நெழலு. வெள்ளரிப் பிஞ்சு விப்பாங்க. மெதுவா வாங்க, நான் பின்னாலயே வரேன்.”

என்ன திமிர் இந்த ஆளுக்கு! ஃபாதரிடம் சொல்லி வாடகையில் கை வைக்கச் சொல்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். அந்தக் கோபத்தில் பாலம் முடிந்ததே தெரியவில்லை. நிழலில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடித் திறந்தபோது, ஹாண்டில்பாரில் ஒரு பை தொங்கியது. கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய வெள்ளரிப் பிஞ்சு. லாரி எப்போதும்போலப் பத்தடி பின்னால் நின்றது. ஆனால் அந்தத் திமிர் பிடித்த டிரைவர் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. மாதாவே உமக்குத் தோத்திரம் என்று வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றாம் நாள் சிதம்பரத்திலிருந்து கடலூர் தாண்டி, அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியபோது தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீன் வாடை அடித்தது. ஊர் வந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சந்தோஷம், ஸ்டெல்லாமேரி மிதிப்பதை இன்னும் மெதுவாக்கினாள். இன்னும் அரை மணி நேரத்தில், யாருக்கு யார் தூதர் என்று சொல்லியாக வேண்டும். பொய் சொல்லவும் வழியில்லை. மற்ற பதினெட்டுப் பேருக்கும் ஆள் இருக்கிறது. தனக்குத்தானே கடலை மிட்டாய் வாங்கி போட்டோ போட்ட கதை பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் முதல் பெஞ்சு இல்லை, கடைசிப் பெஞ்சில்கூட உட்கார முடியாது.

குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய கோவிலில் வெடி போட்டுக் கொடியை வரவேற்றார்கள். மன்றத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஃபாதர் உற்சாகமாகக் கையைத் தட்டினார்.

“கடைசியா வந்தவங்களுக்குத்தான் முதல் மரியாதை. ஸ்டெல்லாமேரி அம்மாவோட காவல் தூதர் யாரு? எழுந்து வாங்க!”

யாரும் எழவில்லை. ஃபாத்திமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். யாரோ இருமினார்கள்.

“என்னப்பா, கடலை மிட்டாயெல்லாம் வச்சீங்களே?”

ஸ்டெல்லாமேரி தரையைப் பார்த்தாள். காது இரண்டும் எரிந்தன.

“ஃபாதர்” என்று வாசலிலிருந்து குரல் கேட்டது. சக்கரபாணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். “தப்பா நெனைக்கக் கூடாது. நான் உங்க மதம் இல்ல. கடலை மிட்டாய் நான் வைக்கல. காத்தடிச்சது, துண்டு கட்டுனது, ஜூஸு, வெள்ளரிப் பிஞ்சு, அதெல்லாம் நான்தான்.” சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்தார். “மொத நாளு வண்டியக் கூட்டுறப்ப மூலைல கெடந்துச்சு. இந்தம்மா பேரு கைக்கு வந்த யாரோ, புடிக்காம கசக்கிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. பாவமா இருந்துச்சு. சைக்கிள்ல பேரு ஒட்டியிருந்ததால ஆளு யாருன்னு தெரிஞ்சுது.”

கைதட்டல் மன்றத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. ஃபாதருக்குக் கண்ணில் ஈரம். சும்மா விடுவாரா? அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியர் உவமையை அங்கேயே தொடங்கிவிட்டார். நடுவில் குரல் மாறியது. “ஆனா ஒரு சகோதரியோட பேரக் கசக்கி எறிய யாருக்கு மனசு வந்துச்சு? நம்மள்ல ஒருத்தருக்குத்தான். அவங்களே எழுந்து மன்னிப்புக் கேட்டா நல்லது.”

பதினேழு ஜோடிக் கண்கள் அந்தோணி முசேவின் பக்கம் திரும்பின. கமிட்டியில் அவர் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது.

“என்னை ஏன் பாக்கறீங்க?” முசே எழுந்துவிட்டார். ராணுவத்தில் எதையெல்லாமோ பார்த்த மனிதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கெஞ்சினார். “நான் வாயாடிதான். ஆனா மாதா சத்தியமா அதச் செய்யல. நான் அவ்ளோ மோசமானவன் இல்ல.”

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஸ்டெல்லாமேரி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். வாழ்நாளில் முதல்முறையாகப் பங்கு முழுவதும் அவள் பக்கம் இருந்தது. ஃபாத்திமா வந்து அவள் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது! அதை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தாள்.

“அவரு இல்ல ஃபாதர். அது எனக்கே வந்த சீட்டு. கசக்கிப் போட்டது நான்தான். கடலை மிட்டாயும் நான்தான் வாங்கிக்கிட்டேன்.”

நல்ல சமாரியர் பாதி வழியில் நின்றுவிட்டார். ஃபாதருக்கு அதற்கு மேல் உவமை எதுவும் கைவசம் இல்லை. பிறகு அந்தோணி முசே பெரிய மூச்சாக விட்டு, அவளைப் பார்த்துக் கை கூப்பினார். “கூராஜ், மதாம்” என்றார். மூன்று நாளில் அவளுக்கென்று அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சக்கரபாணிதான் சமாதானமாகவில்லை. “என்னாம்மா இது” என்றார். “நானு மூணு நாளா எவன்டா அந்த ஈவு எரக்கம் இல்லாதவன்னு திட்டிக்கிட்டே வண்டி ஓட்டுனேன். உங்களையா திட்டுனேன்?”

“என்னைத்தான் திட்டியிருக்கீங்க” என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடக்கத் தெரியவில்லை. “அதக் குடுங்க. கிழிச்சுப் போட்டுடறேன்.”

அவர் சீட்டை மடித்து மறுபடியும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “குடுக்க மாட்டேன். கைக்கு வந்த பேரு அவங்கவங்க பொறுப்புன்னு ஃபாதர் சொன்னாரு. நீங்க வேணாம்னு போட்டீங்க, என் கைக்கு வந்துச்சு. வாங்க, பாகூர் போறதுக்கு முன்னாடி சாரத்துல எறக்கி வுட்டுட்டுப் போறேன்.”

ஸ்டெல்லாமேரி துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“உங்க வண்டிலதான் எடம் இல்லையே?”

“இப்ப இருக்கும்மா” என்றார் சக்கரபாணி.