சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

"வெயில் இந்தப் போடு போடுது. அந்த ஸ்வெட்டரைக் கழட்டினாத்தான் என்னவாம்?"

"குளிருது."

"இப்பத்தானே சுடுதண்ணியில குளிச்சீங்க?"

"மேனேஜரம்மா பக்கத்துல உக்கார்ந்தா யாருக்குத்தான் குளிரெடுக்காது?" என்று சொல்லிவிட்டு, கணவர் வேனைக் கிளப்பினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கேலி பேச வாய் வந்துவிட்டது என்றால் உடம்பு தேறிவிட்டது என்பது அவள் கணக்கு. கல்யாணமான புதிதில், வாங்கி வந்த தலையணையில் பஞ்சு குறைவு என்று கடைக்கே திரும்பப் போய்ச் சண்டை போட்டவள் அவள். அன்று வைத்த பெயர்தான் மேனேஜரம்மா. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை. இப்போது மறுபடி கூப்பிடுகிறார்.

புற்று வந்த அவருடைய இரைப்பையில் பாதியை எடுத்த பிறகு, பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எடையைக் கவனிச்சுக்கிட்டே இருங்கம்மா. ஏறினா நல்லது. இறங்க ஆரம்பிச்சா, அது திரும்பி வந்துடுச்சுன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அவளுடைய உயிர் அந்த ஆஸ்பத்திரித் தராசின் முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் இரண்டு பேருமாகப் போனார்கள். பிறகு, "ரெண்டு பேரும் வந்துட்டா வேலையை யாரு பார்க்குறது?" என்று அவர் தனியாகவே போய்வரத் தொடங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார், "ஏறியிருக்கு." அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அடுத்த சோதனை வரை தெம்பாக இருப்பாள். முட்டையும் பாலும் சூப்புமாக அவரைத் துரத்துவாள். வீட்டுக்கே ஒரு எடை மெஷின் வாங்கலாமா என்று கேட்டதற்கு, "அது ஒண்ணு காட்டும், ஆஸ்பத்திரியில ஒண்ணு காட்டும். அப்புறம் உனக்குத் தூக்கம் போயிடும்" என்றார். நியாயம்தான் என்று தோன்றியது.

தையல் போட்ட இடத்தில் கை பட்டுவிடும் என்று கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தவர் இன்னும் அங்கேதான் படுக்கிறார். அதையும் அவள் பெரிதாக நினைக்கவில்லை.

அவர்கள் தொழில் புல் வெட்டுவது. பள்ளிக்கூடத்து மைதானம், முதியோர் இல்லத்துத் தோட்டம், குடிநீர்த் தொட்டியைச் சுற்றியிருக்கிற பெரிய சரிவு, மூன்றும் அவர்களுடைய ஒப்பந்தம். அவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு போவார். இவள் பின்னாலேயே புல்லை வாரி மூட்டை கட்டுவாள். இந்த வருடம் ஒரு வரிசை தள்ளிவிட்டு உட்கார்ந்தார், அடுத்த வரிசையில் மறுபடி உட்கார்ந்தார். புல் முழங்கால் வரை வளர்ந்து, பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன வாரம் அவர்தான் பேச்சை எடுத்தார். "ஏறி உக்கார்ந்து ஓட்டுற மெஷின் ஒண்ணு வாங்கிடலாம். விலை நம்ம கைக்கு அடங்கணும். ஆனா வாங்கினா இருபது வருஷம் உழைக்கணும்."

இருபது வருஷம்! மெஷினை விட அந்த வார்த்தைதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பா இருபது வருஷத்துக்கு மெஷின் கேக்குறாருடி. போகப் போற மனுஷன் கேக்குற கேள்வியா இது?"

கடை ஊருக்கு வெளியே, பெரிய தகரக் கொட்டகை. பெட்ரோலும் ரப்பரும் கலந்த வாசனை. காதில் பென்சில் செருகிய பருமனான கடைக்காரர் எழுந்து வந்தார். பின்னால், தோளில் அழுக்குத் துணியோடு மெக்கானிக். கடைக்காரருடைய தங்கையைக் கட்டியவர்.

"வாங்கம்மா, வாங்க சார். மாப்பிள்ளை, அந்தப் புது மாடலைக் காட்டுங்க."

"காட்டுறேன் மச்சான். காட்டுறதுக்குத்தானே உங்க தங்கச்சியைக் கட்டிவெச்சு என்னை இங்க கொண்டுவந்து விட்டிருக்கீங்க."

புது மாடல் சிவப்பாகப் பளபளத்தது. டம்ளர் வைக்க இடம் கூட இருந்தது. அவள் குனிந்து, கத்தி சுழலும் தட்டை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். பிஸ்கட் டின்னைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"இது என்னங்க, ஒரு கல்லு பட்டா ஓட்டை விழுந்துடும் போலிருக்கே?"

"அம்மா, லேசா இருந்தாத்தான் பெட்ரோல் மிச்சம்" என்றார் கடைக்காரர்.

"பெட்ரோலை மிச்சம் பிடிச்சு அடுத்த வருஷம் புது மெஷின் வாங்கணுமாக்கும்?"

மெக்கானிக் வாயைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தார்.

இன்னொன்று யானை மாதிரி இருந்தது, விலையும் அப்படியே. மூன்றாவதை மெக்கானிக்தான் மூலையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். ஏதோ ஓட்டல் தோட்டத்தில் ஓடித் திரும்பி வந்தது. நிறம் மங்கியிருந்தது. ஆனால் தட்டு கனத்த இரும்பு. முன் அச்சு வார்ப்பிரும்பு. சுழலும் இடத்திலெல்லாம் கிரீஸ் அடிக்கத் துளை வைத்திருந்தார்கள்.

"கிரீஸ் மட்டும் ஒழுங்கா அடிச்சீங்கன்னா, உங்க பேரப்பிள்ளை வரைக்கும் ஓட்டலாம்" என்றார்.

கணவர் கீழே உட்கார்ந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். எழுந்திருக்க டயரைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"பெல்ட்டை மாத்த ரொம்ப பலம் வேணுமா?"

"இந்த லிவரைத் தள்ளினாப் போதும் சார். குழந்தை கூடக் கழட்டலாம்."

"பிரேக் லேசா இருக்குமா? கத்தி தீட்டணும்னா நீங்களே வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போவீங்களா?"

"வரலாம் சார்."

"வரலாம்னு சொல்லாதீங்க. வருவேன்னு சொல்லுங்க."

மெக்கானிக் அவரை ஒரு நொடி பார்த்தார். "வருவேன் சார்."

"சீட்டை முன்னாடி தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"உங்க கால் நீளத்துக்கு இடிக்குமே?"

"இருக்கட்டும்."

முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் வயிற்றுத் தையலுக்கு இதமாக இருக்குமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு, அவள் விலைப் பக்கம் திரும்பினாள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இவள் சொன்னதைக் கேட்டு அவர் காதுப் பென்சிலை எடுத்துவிட்டு மறுபடி செருகினார். அரைமணி நேரம் இழுபறி நடந்தும் அவர் இறங்கி வரவில்லை.

"முதல்ல ஓட்டிப் பார்த்துடுங்க. அப்புறம் பேசலாம்."

கொட்டகைக்குப் பின்னால் வேலி போட்ட காலி மனை. கணவர் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கணீரென்று பிடித்துக்கொண்டது. பிரேக்கை விட்டார். டக்கென்று நின்றது.

மறுபடி போட்டார். ஓடியது. பிரேக்கை விட்டதும் மறுபடி நின்றது.

அவளுக்குள் இருந்த மேனேஜர் விழித்துக்கொண்டாள். "ஏங்க, இதுதான் பேரப்பிள்ளை வரைக்கும் ஓடுற மெஷினா? எங்க வீட்டு வாசல் வரைக்கும் வராது போலிருக்கே!"

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. "மாப்பிள்ளை, என்னய்யா இது?"

"காலையில கூட ஓடுச்சு மச்சான்." மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோல் குழாயைத் தட்டினார். அதற்குள் அவள் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"கோளாறு உள்ள மெஷினுக்கு நல்ல மெஷின் விலையா? நான் சொன்ன விலைக்குக் கொடுங்க. ரிப்பேரும் உங்க செலவு."

"சரிம்மா, சரி. நீங்க கல்லுலயே நார் உரிப்பீங்க. நீங்க சொன்னதே இருக்கட்டும்."

ஜெயித்துவிட்டாள்! கணவரைப் பார்த்துக் கண்ணடிக்கத் திரும்பினாள். அவர் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஓடியது. பிரேக்கை விட்டார், மெஷின் நகர்ந்தது, மனையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இறங்கினார். கணவர் ஏறினார். நின்றுவிட்டது.

மெக்கானிக்கின் கை சீட்டின் விளிம்பில் அப்படியே இருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. விளங்காதவர் கடைக்காரர்தான். நிம்மதியில் உரக்கச் சிரித்தார்.

"அட, மெஷின்ல ஒண்ணுமில்லம்மா! சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. பிரேக்கை விட்டதும், மேல ஆள் உக்கார்ந்திருந்தாத்தான் ஓடும். யாராவது தவறி விழுந்தா கத்தி சுத்தக் கூடாது இல்லையா? சின்னப் பசங்க விளையாட்டுக்கு ஏறினாலும் ஓடாது, அந்த எடை பத்தாது. சாரைச் சின்னப் பையன்னு நினைச்சுடுச்சு!"

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது, அந்த எஞ்சினைப் போல.

வெயிலில் ஸ்வெட்டர். ஸ்வெட்டருக்குள்ளே சட்டை, அதற்குள்ளே இன்னொரு சட்டையின் காலர். இடுப்பு பெல்ட்டின் நுனி பின்பக்கம் வரை சுற்றிப் போயிருந்தது. இதையெல்லாம் அவள் தினமும் துவைக்கிறாள், தினமும் மடிக்கிறாள். கண் எங்கே போயிருந்தது? 'ஏறியிருக்கு' என்ற வார்த்தையைக் கேட்டுக்கொண்டு, ஆளைப் பார்க்காமலே இருந்துவிட்டாளா?

"ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பா இருக்குக்கா" என்றார் மெக்கானிக், அவள் முகத்தைப் பார்க்காமல். "தளர்த்திக் கொடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை."

"வேண்டாம்." கணவர் இறங்கினார். "எனக்காக எதையும் மாத்தாதீங்க. அவ விழுந்தா அது நிக்கணும்." பிறகு அவளிடம், "ஏறு."

"நான் எதுக்கு?"

"ஏறும்மா."

கேலி இல்லாமல் அவர் அவளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டு வருடங்கள் ஆகியிருந்தன. ஏறினாள். சீட் அவளுக்கென்றே அளவெடுத்தது போல இருந்தது. காலை நீட்டவும் வேண்டியிருக்கவில்லை, மடக்கவும் வேண்டியிருக்கவில்லை. பிரேக் பாதத்துக்கு அடியில் தானாக வந்து நின்றது. இன்னும், இன்னும் கொஞ்சம் என்று அவர் தள்ளச் சொன்னது இந்தக் காலுக்காக. லேசான பிரேக், குழந்தை கூடக் கழட்டக்கூடிய பெல்ட், வீட்டுக்கே வருவேன் என்று வாங்கிய வாக்கு, எல்லாமே அவளுக்காக. அவர் கேட்ட இருபது வருஷமும் அவளுடையதுதான்.

பிரேக்கை விட்டாள். எஞ்சின் நிற்கவில்லை. நின்று தொலைக்கக் கூடாதா என்று இருந்தது. அது பாட்டுக்கு அவளைச் சுமந்துகொண்டு நகர்ந்தது.

"வளைவுல மெதுவா!" என்று கத்தினார் அவர். "தொட்டிச் சரிவுல மேலயும் கீழயுமாத்தான் ஓட்டணும். குறுக்கே போனா கவிழ்ந்துடும். காதுல விழுதா?"

விழுந்தது. இரைச்சலில் தன் அழுகைதான் அவள் காதில் விழவில்லை. ஒரு சுற்று முடிந்தது. இன்னொன்று போனாள். இறங்கினால் கேட்க வேண்டும், கேட்டால் அவர் சொல்லிவிடுவார். பெட்ரோல் தீரும் வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நாலாவது சுற்றிலோ ஐந்தாவதிலோ, அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவரால் நிற்க முடியவில்லை. அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். நிறுத்தினாள்.

கடைக்காரரும் மெக்கானிக்கும் உள்ளே போயிருந்தார்கள்.

"எப்போலேருந்து?" என்றாள்.

"நான் தனியா போக ஆரம்பிச்சதுலேருந்து."

"பொய் சொல்லிட்டீங்க."

"நீ அடுப்படியில பாட்டு முணுமுணுத்துக்கிட்டு சூப் வெச்சே. அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

அவர் தரையில் இருந்த புல்லைக் காலால் தடவினார். "இந்த மழைக்கு முளைக்கிற புல்லை நான் பார்ப்பேனாம். அதுக்கு அடுத்ததை நீதான் வெட்டணும். அதுக்குள்ள பழகிடு. மக வீட்டுல போய் ஒரு மூலையில உக்கார்ந்துடாதே. உனக்கு அது ஒத்து வராது. மாப்பிள்ளை வாங்குற தலையணையை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுவே."

அவள் அவர் தோளில் அடித்தாள். அடித்த கைக்கு ஸ்வெட்டரும், அதற்குக் கீழே நேராக எலும்பும் தட்டுப்பட்டன. கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள்.

உள்ளே கடைக்காரர் ரசீது போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க சொன்ன விலையே போட்டுட்டேம்மா. திருப்திதானே?"

"அதை அடிச்சுட்டு, உங்க விலையைப் போடுங்க."

"என்னம்மா?"

"குறை சொல்லிக் குறைச்ச விலைங்க அது. மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

கடைக்காரர் பென்சிலோடு முழித்தார். கணவர் அவள் காதருகே குனிந்தார். "மேனேஜரம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவளால் சிரிக்கவும் முடியவில்லை. ரசீதை வாங்கி மடித்தாள்.

மெக்கானிக் மெஷினை வேனுக்குப் பின்னால் இழுவை வண்டியில் ஏற்றிக் கட்டினார். வேன் சாவிக்காக அவள் கையை நீட்டினாள். எத்தனை முறை கேட்டும் தராத மனுஷன், இன்று கொடுத்துவிட்டு மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார். வழியெல்லாம், பின்னால் சங்கிலி குலுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

"அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றாள்.

"வா."

"ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?"

கண்ணை மூடியபடி அவர் சொன்னார், "ஒண்ணும் வேண்டாம். பசியே இல்ல."

இத்தனை நாளும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வீட்டில் போர் நடக்கும். ஒரு வாய், அரை வாய், எனக்காக என்று கெஞ்சி, மிரட்டி, தட்டோடு பின்னாலேயே அலைந்து, சாப்பிட வைத்துவிட்டுத்தான் ஓய்வாள். இன்றும் நாக்கு நுனிவரை வந்தது.

"சரிங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள், அவருக்குக் குலுங்காமல் மெதுவாக.