எழுத்து மட்டும் உள்ள திரை

இப்போதெல்லாம் நான் எதை நேராகப் பார்த்தாலும் அது காணாமல் போய்விடுகிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் வட்டம் இருக்கும், முள் இருக்காது. தட்டைப் பார்த்தால் ஓரத்துச் சோறு இருக்கும், நடுவில் வைத்த கோழித்துண்டு இருக்காது. என் கணவன் திவாகரனுக்கு இரண்டு காதும் தலைமுடியும் உண்டு, மூக்கும் முழியும் கிடையாது. "முன்னவிட அழகா இருக்க லா" என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். ஓரங்கள் நன்றாக இருக்கின்றனவாம். இதற்கு மேலும் பரவலாம், பரவாமலும் போகலாம், அதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இனிமே நான் கோட் எழுத முடியுமா?" என்பதுதான். திவாகரன் வண்டியை எடுத்தான்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் நிரல், அதாவது கோட், எழுதுகிறவர்கள். சுங்கை சோ ஊரில் கடைவரிசை ஒன்றின் மாடியில் டெஸ்மண்ட் என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனி அது. செம்பனை எண்ணெய் ஆலைகளில் பழம் ஏற்றி வரும் லோரிகளை எடைபோடுவதற்கான மென்பொருளைச் செய்து கொடுக்கிறோம். கண் மங்கிய பிறகு நான் புக்கிட் செந்தோசாவில் உள்ள எங்கள் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன்.

நிரல் எழுத இரண்டு விதமான கருவிகள் உண்டு. ஒன்று ஐ.டி.இ. எல்லா வசதிகளையும் சேர்த்துக் கட்டிய பெரிய மென்பொருள். இடது பக்கம் கோப்புகளின் வரிசை, கீழே எச்சரிக்கைகள், வலது பக்கம் இன்னும் என்னென்னவோ. இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும், மீதியைத் தானே ஊகித்து நீட்டும். மற்றது வெறும் எடிட்டர். காலியான பக்கம், துடிக்கும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். திவாகரன் ஐ.டி.இ. பக்தன். முன்பெல்லாம் நானும் அதில்தான் குடியிருந்தேன்.

கண் போனதும் அவன் எனக்காக அதை இன்னும் ஜோடித்தான். புதிய மடிக்கணினி, அதில் இருக்கிற எல்லா உதவிகளும். "நீ ரெண்டு எழுத்து தட்டு, மிச்சத்த அதுவே எழுதிடும். நீ பாக்கவே வேணாம்" என்றான்.

பாசத்தில் சொன்னான், அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிகளும் பட்டியல்களும் என் கண்ணின் ஓட்டைக்குள் வந்து வந்து விழுந்தன. நான் நினைத்த வரி ஒன்று, அது முடித்த வரி வேறு. யாரோ என் வாயைப் பொத்திக்கொண்டு எனக்காகப் பேசுவது போலிருந்தது. ஒரு நாள் அதை மூடிவிட்டு, கூடத்து டிவியில் வெறும் எடிட்டரைத் திறந்து எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினேன். திரையில் ஐந்தாறு வரிகள்தான் அடங்கின.

டிவிக்குப் பக்கத்தில் மீன்தொட்டி இருக்கிறது. எழுத்தைப் படிக்க வேண்டுமானால் நான் எழுத்தைப் பார்க்கக் கூடாது, மீனைப் பார்க்க வேண்டும். அப்போது ஓரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வரும். மதிய வேளைகளில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விசிறிக்கு அடியில் அப்படியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். மீன்கள் திரும்பும் பக்கம் வரிகளும் மெல்லத் திரும்புவது போலத் தோன்றும். எது தண்ணீர், எது திரை, எது நான் நினைத்தது, எது எழுதியது என்று பிரிக்க முடியாத ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் நான் எழுதிய நிரலில் பிழை இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

திவாகரன் வந்து பார்த்து, "இது என்னா கேலிக்கூத்து?" என்றான்.

அதற்குப் பிறகுதான் டெஸ்மண்ட் கூப்பிட்டார். "துளசி, திவா சொன்னான். நீ போன் சப்போர்ட்டுக்கு மாறிக்கிறேன்னு. நல்லதுதான் லா. அடுத்த மாசத்துல இருந்து டீம் முழுக்க ஒரே ஐ.டி.இ.லதான் வேலை. உனக்குக் கஷ்டம்."

நான் மாறிக்கொள்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் வரியைத் திவாகரனே எழுதி முடித்துவிட்டான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போதும் ஆறவில்லை. ஆலைக்காரர்கள் அழைத்தால் பதில் சொல்வதற்கு யாராவது வேண்டும்தான், அது கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் நிரல் எழுதுவது ஒன்றுதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை எடுத்துவிட்டால் மிச்சம் யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் கோலா சிலாங்கூர் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எடைமேடையில் பச்சை விளக்கு எரியவில்லை, ஒரு லோரியும் உள்ளே போக முடியவில்லை. டெஸ்மண்ட் திவாகரனைப் போகச் சொன்னார். நான் முதலில் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.

"நீ எதுக்கு?" என்றான்.

"எழுதினவ நான்."

பத்தாங் பெர்ஜுந்தை ஊரைத் தாண்டியதும் பனி. இரு பக்கமும் செம்பனை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கரைந்துகொண்டே போயிற்று. மற்றவர்களுக்கும் அன்று நடுவில் ஒன்றும் தெரியாது என்று நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பழம் வேகும் கொழுத்த வாசனை வந்தது, அதை வைத்து ஆலை நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். குலைகளை ஏற்றிய லோரிகள் சாலை வரை நின்றன.

எடைமேடை அறையில் கணக்கு எழுதும் கிராணி புஷ்பவள்ளி அக்கா கையைப் பிசைந்துகொண்டிருந்தார். திவாகரன் மடிக்கணினியைத் திறந்து ஐ.டி.இ.யை ஓடவிட்டான். அது என் நிரல் முழுவதையும் அலசிவிட்டுப் பிழை எதுவும் இல்லை என்றது. எடை பூஜ்ஜியமாவதற்காக நிரல் காத்திருக்கிறது என்பதை மட்டும் அவன் கண்டுபிடித்தான். உடனே ஐ.டி.இ. ஒரு யோசனையை நீட்டியது, அவனும் பிடித்துக்கொண்டான்.

"நூறு கிலோவுக்குக் கீழ இருந்தா பூஜ்ஜியம்னு எடுத்துக்கச் சொல்லிடுறேன். விளக்கு எரிஞ்சிடும். முடிஞ்சது."

"ஏன் பூஜ்ஜியம் ஆகலன்னு பாத்தியா?"

"லோரி நிக்குது துளசி!"

"நிக்கட்டும். அந்த பைல எடிட்டர்ல திற. எழுத்தப் பெருசாக்கு. மத்தது எல்லாத்தையும் மூடு."

திறந்து கொடுத்தான், முணுமுணுத்துக்கொண்டே. வீட்டில் பார்க்க மீன் இருந்தது, இங்கே என்ன இருக்கிறது? திரையை விட்டுச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். ஓரத்தில் என் வரிகள் வந்தன. மேடை காலியா, எடை பூஜ்ஜியமா, ஆம் என்றால் பச்சை. நான் எழுதியபடியேதான் இருந்தது. படித்து முடித்தும் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். சன்னலுக்கு வெளியே, கண்ணின் மறு ஓரத்தில், பச்சையும் மஞ்சளுமாக ஒரு குவியல் மெல்ல உருக்கொண்டது. சாய்த்துவைத்த வாழைமரங்கள், பூசணிக்காய்கள், ஒரு சாக்கு.

"அக்கா, அது என்னா?"

"நேத்து பூச சாமானு தங்கச்சி. திம்பாங், இந்த எடமேட மேலதான் வெச்சு படைச்சோம். வாழமரம், அரிசி மூட்ட, தேங்கா, பழம் எல்லாம். காலையில எடுத்து ஓரமா வெச்சேன்."

"படைக்கிறப்ப மெசின்ல எதுவும் அமுக்கினீங்களா?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "தீபாராதன முடிஞ்சதும் பூஜ்ஜியத்த அமுக்கினேன். மெசினுக்கும் புதுசா ஒரு தொடக்கம் வேணும்ல? வருசா வருசம் ஆளுங்கள மேய்க்கிற மண்டோர்தான் அமுக்குவாரு, மேடையக் கழுவி எல்லாத்தையும் எடுத்த பொறவு. இந்த வருசம் அவரு லீவு. நான் சாமானு இருக்கறப்பவே அமுக்கிட்டேன்."

"இப்ப மெசின்ல என்னா நம்பர் காட்டுது?"

"மைனஸ் அறுவது."

பூசைச் சாமானின் அறுபது கிலோவை மெசின் பூஜ்ஜியமாக எடுத்துக்கொண்டிருந்தது. அந்த மைனஸ் அறுபது திவாகரனின் திரையிலும் ஒரு மூலையில் இருந்ததாம், வேறு எண்களுக்கு நடுவில். கருவியின் சின்னத் தடுமாற்றம் என்று விட்டுவிட்டான். அவன் நிரலை மாற்றியிருந்தால் விளக்கு எரிந்திருக்கும், லோரிகள் ஏறியிருக்கும். இங்கே காலி லோரியின் எடையை முன்பே பதிந்து வைத்திருப்பார்கள், மறுபடி நிறுப்பதில்லை. மேடை குறைத்துக் காட்டுவதால் ஒவ்வொரு பாரத்திலும் அறுபது கிலோ பழம் கணக்கில் காணாமல் போயிருக்கும்.

"மேடை காலியா இருக்கா அக்கா? இப்ப அமுக்குங்க."

அமுக்கினார். பச்சை எரிந்தது. வெளியே யாரோ கைதட்டினார்கள், லோரி உறுமியது. "அம்மா தாயே" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டெஸ்மண்டின் அழைப்பு வந்தபோது நாங்கள் காருக்கு வந்திருந்தோம். திவாகரன் பேசினான். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "துளசி" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ மாறணும்னு சொல்லல பாஸ். நான்தான் சொன்னேன். அவகிட்டயே கேளுங்க" என்று போனை என் கையில் வைத்தான்.

"பாஸ், நான் கோட்தான் எழுதுவேன். எடிட்டர்லதான் எழுதுவேன்."

"டீமுக்கு ஒரே டூல்னு முடிவு பண்ணியாச்சு துளசி."

"பைல் ஒண்ணுதானே பாஸ்? எதுல திறந்து எழுதினா என்னா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி லா. வருசக் கடைசி வரைக்கும் பாப்போம்."

திவாகரன் வண்டியை எடுக்கவில்லை. பனி கலைந்து சுள்ளென்று வெயில் ஏறியிருந்தது. "ஓரமும் போயிட்டா என்னா பண்ணுவ துளசி?" என்றான். "எனக்குப் பயமா இருக்கு. அதான் அப்படிப் பண்ணேன்."

மருத்துவரிடம் போய்வந்த நாளிலிருந்து அவன் இதைக் கேட்க மாட்டானா என்று காத்திருந்தேன். எனக்கும் பயம்தான், ராத்திரியில் கண்ணை மூடவே பயம் என்று சொன்னேன். சொன்ன பிறகு கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

"போயிட்டா நீ படிச்சுக் காட்டு. இப்பவே பழகு."

மடிக்கணினியை ஸ்டியரிங்மேல் சாய்த்துக்கொண்டு படிக்கத் தொடங்கினான். இரண்டு வரி ஒழுங்காகப் படித்தான். மூன்றாவது வரியில், "இதுக்கு அப்புறம் நீ என்னா பண்ணியிருப்பன்னா..." என்றான்.

"நிறுத்து. அது அங்க எழுதியிருக்கா?"

"இல்ல. வரும்னு தெரியும்ல?"

"இருக்குறத மட்டும் படி திவா."

அவன் மீண்டும் முதல் வரியிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, என் நிரலை எனக்குப் படித்துக் காட்டினான். சில இடங்களில் குரல் உடைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.